பேராசிரியரைத் திருத்தும் மாணவர்கள்

ஒரு இயற்பியல் பேராசிரியர் கட்டுரை எழுதி ஆய்விதழுக்கு அனுப்பினால் என்ன நடக்கும்? அதே துறையில் இருக்கும் வேறு இரண்டு மூன்று பேர் படித்துப் பார்த்து, போடலாமா வேண்டாமா என்று சொல்வார்கள். மருத்துவம், பொருளாதாரம், வரலாறு எல்லாவற்றிலும் ஏறக்குறைய இதே கதைதான்.

அமெரிக்காவில் சட்டத் துறை மட்டும் தலைகீழ். முப்பது வருடம் பாடம் நடத்திய பேராசிரியரின் கட்டுரையை ஏற்பதா, திருப்பி அனுப்புவதா என்று முடிவு செய்பவர்கள் சட்டக் கல்லூரியின் இரண்டாம், மூன்றாம் ஆண்டு மாணவர்கள்! ஏற்றுக்கொண்டால் அதோடு விடுவதும் இல்லை. வரிக்கு வரி திருத்துவார்கள், 'இதற்கு ஆதாரம் எங்கே?' என்று ஓரத்தில் கேள்வி எழுதுவார்கள். தேர்வில் மதிப்பெண் போடுபவரை இதழில் மாணவர் மதிப்பிடுகிறார். இந்த விசித்திரம் எப்படி வந்தது?

மாணவர்களே சட்ட இதழ் நடத்தும் முயற்சி 1875ல் நியூயார்க் மாநிலத்தின் ஆல்பனியில் ஒருமுறை நடந்தது, நிலைக்கவில்லை. 1885ல் கொலம்பியா மாணவர்கள் ஒன்று தொடங்கினார்கள், அதுவும் சீக்கிரம் நின்றது. வேர் பிடித்தது மூன்றாவது முயற்சிதான். 1887 ஏப்ரல் 15 அன்று 'ஹார்வர்டு லா ரிவ்யூ'வின் முதல் இதழ் வந்தது. ஜான் மெக்கெல்வி என்ற மாணவர் முதல் ஆசிரியர். பிற்காலத்தில் சாட்சியச் சட்டத்தில் பெரிய பெயர் எடுத்த விக்மோரும் அந்தக் குழுவில் ஒருவர்.

மற்றவை செத்துப்போக இது மட்டும் ஏன் பிழைத்தது? காரணம் இரண்டு. ஒன்று பணம். ஹார்வர்டில் படித்து வெளியே போய் பாஸ்டனில் வக்கீலாக இருந்த லூயிஸ் பிராண்டைஸ், பழைய மாணவர்களிடம் ஆதரவு திரட்டிக் கொடுத்தார். இன்னொன்று அந்தக் கல்லூரியின் பாடமுறை. அங்கே தலைவராக இருந்த லாங்டெல், பாடநூலை மனப்பாடம் செய்யும் வழக்கத்தை உடைத்து, மாணவர்கள் தீர்ப்புகளைத் தாங்களே படித்து அதிலிருந்து சட்டத்தைக் கண்டுபிடிக்க வேண்டும் என்று வைத்திருந்தார். அப்படிப் பழகிய மாணவன் புதுத் தீர்ப்பு ஒன்றைப் பார்த்து 'இது சரி, இது தப்பு' என்று எழுதத் துணிவது இயல்புதானே! பேராசிரியர்களும் தடுக்கவில்லை. முதல் இதழின் முதல் கட்டுரையே பேராசிரியர் ஏம்ஸ் எழுதியது.

மூன்றே வருடத்தில் அந்தச் சின்னப் பத்திரிகைக்கு ஒரு அதிர்ஷ்டம் அடித்தது. 1890 டிசம்பர் இதழில் அதே பிராண்டைஸும் அவருடைய தொழில் கூட்டாளி சாமுவேல் வாரனும் சேர்ந்து 'தனியுரிமை' பற்றி ஒரு கட்டுரை எழுதினார்கள். கோடாக் கேமரா சந்தைக்கு வந்து இரண்டு வருடம்தான் ஆகியிருந்தது. பத்திரிகைகள் பெரிய வீட்டு வம்புகளை அச்சடித்து விற்றுக்கொண்டிருந்தன. 'என்னை என் பாட்டில் விடு' என்று கேட்பது ஒரு உரிமை, அதைச் சட்டம் காக்க வேண்டும் என்பதுதான் கட்டுரையின் சாரம்.

(வாரனின் மகள் கல்யாணத்தில் பத்திரிகைக்காரர்கள் புகுந்து கலாட்டா செய்ததால் கோபத்தில் எழுதினார் என்று ஒரு கதை உண்டு. வாரனுக்கே கல்யாணம் நடந்தது 1883ல்! மகளுக்கு அப்போது பொம்மை வைத்து விளையாடும் வயது.)

அப்போது அந்த உரிமை எந்தச் சட்டப் புத்தகத்திலும் அந்தப் பெயரில் இல்லை. 1902ல் நியூயார்க் நீதிமன்றம் 'அப்படி ஒரு உரிமை கிடையாது' என்றது. 1905ல் ஜார்ஜியா நீதிமன்றம் 'உண்டு' என்றது. அப்புறம் ஒவ்வொரு மாநிலமாக ஏற்றுக்கொண்டன.

அந்தக் கருத்து கடல் தாண்டி நம் ஊருக்கும் வந்தது. 1994ல் மரண தண்டனைக் கைதி ஆட்டோ சங்கரின் சுயசரிதையை நக்கீரன் வெளியிடக் கூடாது என்று சிறைத்துறை அதிகாரிகள் தடுத்தபோது வழக்கு உச்சநீதிமன்றம் போனது. பொது ஆவணங்களில் உள்ளதை எழுதலாம், அரசு முன்கூட்டியே தடுக்க முடியாது என்று பத்திரிகை பக்கம் தீர்ப்பு வந்தது. அதே தீர்ப்பில்தான், குடிமகனுக்குத் தன்னைத் தன் பாட்டில் விடச் சொல்லும் உரிமையும் உண்டு என்று நீதிபதிகள் எழுதினார்கள். 2017 ஆகஸ்டில் ஒன்பது நீதிபதிகள் தனியுரிமை அடிப்படை உரிமையே என்று சொன்ன புட்டசாமி வழக்கிலும் அந்த 1890 கட்டுரை பேசப்பட்டது. மாணவர்கள் அச்சடித்த இருபத்தெட்டு பக்கம்!

சரி, இதழ் எப்படி நடக்கிறது? பெருமையைவிட இதில் சுமைதான் அதிகம். வருடத்துக்கு எட்டு இதழ், நவம்பரிலிருந்து ஜூன் வரை. ஒரு கட்டுரைக்கு இருநூறு முந்நூறு அடிக்குறிப்புகள் சர்வ சாதாரணம். ஒவ்வொரு அடிக்குறிப்பையும் ஒரு மாணவர் மூல நூலை எடுத்து வைத்துச் சரிபார்க்க வேண்டும். பக்க எண் சரியா, மேற்கோளில் கமா விட்டுப்போனதா, அந்தத் தீர்ப்பு உண்மையிலேயே அப்படிச் சொல்கிறதா... சம்பளம் கிடையாது. கேனட் ஹவுஸ் என்ற பழைய வெள்ளைக் கட்டடத்தில் 1925லிருந்து இந்த வேலை நடக்கிறது.

1950களின் கடைசியில் ரூத் பேடர் கின்ஸ்பர்க் என்ற மாணவி இப்படி ஒரு அடிக்குறிப்பைச் சரிபார்க்க லாமன்ட் நூலகத்துக்குப் போனார். பெண்களுக்கு உள்ளே அனுமதி இல்லை என்றார் காவலாளி. 'நான் வாசலிலேயே நிற்கிறேன், புத்தகத்தை எடுத்து வந்து காட்டுங்கள்' என்று கேட்டும் நடக்கவில்லை. ஹார்வர்டு சட்டக் கல்லூரி பெண்களைச் சேர்த்துக்கொண்டதே 1950ல்தான். லாமன்ட் கதவு திறந்தது 1967ல். அந்த மாணவி 1993ல் உச்சநீதிமன்ற நீதிபதி ஆனார்.

யார் உள்ளே போகலாம் என்பதுதான் இந்த இதழின் உண்மையான சண்டை. ரொம்ப காலம் மதிப்பெண் ஒன்றே அளவுகோல். முதல் கருப்பின உறுப்பினர் சார்லஸ் ஹூஸ்டன் தேர்வானது 1921ல், அதாவது தொடங்கி 34 வருடம் கழித்து. (பள்ளிகளில் இனப் பாகுபாட்டை எதிர்த்த சட்டப் போராட்டத்துக்குத் திட்டம் வகுத்தவர் பின்னாளில் இவர்தான்.) ஒரு பெண் தலைவரானது 1976ல், சூசன் எஸ்ட்ரிச். மதிப்பெண்ணோடு எழுத்துப் போட்டியும் சேர்ந்த பிறகுதான் கதவு கொஞ்சம் அகலமானது. இந்த இதழில் இருந்தவர் என்றால் நீதிபதிகளின் அலுவலகங்களும் பெரிய வக்கீல் நிறுவனங்களும் வாசலில் காத்திருக்கும். அப்படியிருக்க, இந்தக் கதவை யார் திறப்பது என்பது கல்லூரி விவகாரம் மட்டும் அல்ல.

பணத்திலும் சண்டை உண்டு. அடிக்குறிப்பு எப்படி எழுத வேண்டும் என்று விதி சொல்லும் 'ப்ளூபுக்' 1926ல் வெறும் 26 பக்கமாக வெளிவந்தது. பிற்பாடு ஹார்வர்டு, யேல், கொலம்பியா, பென்சில்வேனியா என்று நான்கு மாணவர் குழுக்களின் பெயரில் அது விற்பனையானது. லாபம் முழுவதும் ஹார்வர்டு கணக்கில் சேர்ந்துகொண்டிருந்ததை மற்ற மூவரும் தெரிந்துகொண்டது 1970களில். வழக்கு போடுவோம் என்ற மிரட்டலுக்குப் பிறகு பங்கு பிரித்தார்கள். வருங்கால வக்கீல்கள் ஐம்பது வருடம் ஒப்பந்தம் எழுதாமல் வியாபாரம் செய்திருக்கிறார்கள்! 2010ல் வந்த பத்தொன்பதாவது பதிப்பு 511 பக்கம். நீதிபதி ரிச்சர்ட் போஸ்னர் அதைத் தூக்கிப் போடுங்கள் என்று கட்டுரையே எழுதினார், யேல் மாணவர்களின் சட்ட இதழில்.

எதிர்ப்பு புதிதல்ல. 1936லேயே யேல் பேராசிரியர் ஃப்ரெட் ரோடெல், சட்ட இதழ்களின் நடையும் சரியில்லை, சரக்கும் சரியில்லை என்று கும்பிடு போட்டு விடைபெற்றார். அதையும் வெளியிட்டது மாணவர் இதழ்தான். 2011ல் தலைமை நீதிபதி ஜான் ராபர்ட்ஸ், பதினெட்டாம் நூற்றாண்டு பல்கேரியாவின் சாட்சிய முறைகளில் தத்துவஞானி கான்ட்டின் தாக்கம் என்கிற மாதிரி கட்டுரைகள்தான் இவற்றில் வருகின்றன என்று கிண்டலடித்தார். அவரே ஹார்வர்டு இதழில் நிர்வாக ஆசிரியராக இருந்தவர். (2015ல் ஒரு பேராசிரியர் உண்மையாகவே அந்தத் தலைப்பில் ஒரு கட்டுரை எழுதிவிட்டார்!)

புகாரில் நியாயம் இருக்கிறது. வரிச் சட்டத்தின் நுணுக்கத்தை இருபத்து நாலு வயதுப் பையன் எப்படி எடைபோடுவான்? அதனால் எழுதியவரின் பெயரையும் கல்லூரியையும் பார்த்துத் தேர்வு செய்யும் ஆசை வருகிறது. எழுதுபவர்களும் லேசுப்பட்டவர்கள் இல்லை. ஒரே கட்டுரையை ஒரே நேரத்தில் பல இதழ்களுக்கு அனுப்புவார்கள். சின்ன இதழ் ஒன்று 'சரி' சொன்னதும், அதைக் காட்டிப் பெரிய இதழிடம் 'சீக்கிரம் முடிவு சொல்லுங்கள்' என்று நெருக்குவார்கள். வேறு துறைகளில் இப்படிச் செய்தால் பெயர் கெட்டுவிடும். இங்கே அதுதான் வழக்கம்.

ஆனாலும் அந்த மாணவர்களைப் போல அடிக்குறிப்பு அடிக்குறிப்பாக உட்கார்ந்து சரிபார்க்க வேறு யாருக்கும் பொறுமை இல்லை. அவர்கள் தாங்களே எழுதும் குறிப்புகளுக்கும் தீர்ப்பு விமர்சனங்களுக்கும் கீழே ஹார்வர்டு இதழில் பெயர் போடுவதில்லை.

1990 பிப்ரவரியில் தலைவர் தேர்தல் நடந்தது. போட்டியிட்டவர்கள் மற்றவர்களுக்குச் சமைத்துப் போட, எண்பது ஆசிரியர்கள் நள்ளிரவு தாண்டும் வரை பேசி பராக் ஒபாமாவைத் தேர்ந்தெடுத்தார்கள். முதல் கருப்பினத் தலைவர். 2008ல் அவர் அமெரிக்க அதிபர் பதவிக்கு நின்றபோது, இதழில் அவர் எழுதியது ஏதாவது உண்டா என்று பத்திரிகையாளர்கள் தேடினார்கள். 1990 ஜனவரி இதழில் ஆறு பக்கம் கிடைத்தது. கருவில் இருக்கும்போது ஏற்பட்ட காயத்துக்காகக் குழந்தை தாய் மீது வழக்குப் போட முடியாது என்ற இல்லினாய் தீர்ப்பைப் பற்றிய விமர்சனம் அது. பெயர் இல்லாமல் பதினெட்டு வருடமாக அங்கேயே கிடந்திருக்கிறது.