பலகையும் உயிரும்

கப்பலோட்டுபவரைத் தமிழில் 'மாலுமி' என்கிறோம். 'முஅல்லிம்' என்னும் அரபுச் சொல்லின் திரிபே இது. அறிந்தவர், அறிவிப்பவர் என்பது அதன் பொருள். பள்ளியில் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்பவரும் முஅல்லிம்; நடுக்கடலில் விண்மீனைப் பார்த்து வழி சொல்பவரும் முஅல்லிம். கப்பலைத் திருப்பும் 'சுக்கானும்' அரபு தந்த சொல்லே. கடல் வாணிகத்தின் வழியே நம் மொழிக்கு வந்து குடியேறிய சொற்கள் இவை. நீரின் மேல் செல்வதற்குத் துணிவு மட்டும் போதாது, அறிவும் வேண்டும் என்பதை நம் முன்னோர் உணர்ந்திருந்தார்கள் என்பதற்கு இச்சொற்களே சான்று.

ஆயினும், ஒரு படகு கவிழ்ந்து உயிர்கள் போய்விட்டால், நம்மில் பலருடைய நாவில் முதலில் வரும் சொல் 'விதி' என்பதாக இருக்கிறது. களா கத்ரை நம்புவது ஈமானின் கடமைகளுள் ஒன்று, அதில் ஐயமில்லை. பிள்ளையைப் பறிகொடுத்த தாய் அச்சொல்லைச் சொல்லி ஆறுதல் அடைந்தால் அது அவள் பொறுமையின் அழகு. ஆனால் அளவுக்கு மேல் ஆட்களை ஏற்றிக் கூலி வாங்கியவன் அதே சொல்லைச் சொன்னால் அது பொறுமையா, தப்பிக்கும் வழியா? இந்தக் கேள்விக்கு வரலாறு தெளிவாகவே விடை சொல்கிறது.

நூல்கள் விதித்த அளவு

பஸராவில் பிறந்து பக்தாதில் வாழ்ந்து, ஹிஜ்ரி 450இல் (கி.பி. 1058) மறைந்த இமாம் மாவர்தீ (ரஹ்) அவர்கள் ஷாஃபிஈ மத்ஹபின் பேரறிஞர். ஆட்சிமுறை பற்றி அவர்கள் எழுதிய 'அல் அஹ்காமுஸ் ஸுல்தானிய்யா' என்னும் நூலில் 'ஹிஸ்பா' என்னும் கண்காணிப்புத் துறைக்குத் தனி அத்தியாயம் உண்டு. அத்துறையின் அதிகாரிக்கு முஹ்தஸிப் என்று பெயர். கடைத்தெருவில் தராசையும் படிக்கல்லையும் சோதிப்பவர் அவர். சுமக்க இயலாத வேலையை விலங்குகளின் மேல் சுமத்துவோரைத் தடுப்பவரும் அவரே.

அந்த அத்தியாயத்தில் படகுக்காரர்களைப் பற்றியும் இமாம் அவர்கள் பேசுகிறார்கள். மூழ்கிவிடுமோ என்று அஞ்சும் அளவுக்குப் படகில் சுமை ஏற்றுவதை முஹ்தஸிப் தடுக்க வேண்டும். காற்று கடுமையாக வீசும்போது படகை எடுப்பதையும் தடுக்க வேண்டும். ஆண்களும் பெண்களும் சேர்ந்து பயணம் செய்தால் இடையே தடுப்பு அமைக்கச் செய்ய வேண்டும்.

முதல் இரண்டு விதிகளையும் சற்றே எண்ணிப் பார்க்க வேண்டும். சுமை ஏற ஏறப் படகு நீரில் அமிழ்கிறது. அதன் விளிம்புக்கும் நீர்மட்டத்துக்கும் உள்ள இடைவெளி குறைகிறது. அந்த இடைவெளிதான் படகின் பாதுகாப்பு. அது நான்கு விரற்கடையாகக் குறைந்துவிட்டால் சிற்றலை கூட உள்ளே ஏறிவிடும். ஏறிய நீர் ஓரிடத்தில் நிற்பதில்லை. படகு எந்தப் பக்கம் சாய்கிறதோ அந்தப் பக்கமே ஓடி, சாய்வை மேலும் கூட்டும். காற்றோ அலையை உயர்த்துகிறது. சுமை படகைத் தாழ்த்த, காற்று நீரை உயர்த்த, இரண்டும் சந்திக்கும் இடத்தில் ஆபத்து பிறக்கிறது. டைகிரீஸ் நதியின் படகுகளைக் கண்டு வாழ்ந்த இமாம் அவர்கள் இவ்விரண்டையும் அடுத்தடுத்து வைத்தது பொருள் பொதிந்தது.

ஹிஜ்ரி 676இல் (கி.பி. 1277) மறைந்த இமாம் நவவீ (ரஹ்) அவர்களின் 'மின்ஹாஜ்' இன்னும் ஒருபடி மேலே செல்கிறது. ஹஜ்ஜுக்குக் கடல் வழியே செல்வது எப்போது கடமையாகும்? பாதுகாப்பே மிகைத்திருக்கும் நிலையில்தான் என்பது அந்நூலின் தீர்ப்பு. வாழ்நாளில் ஒருமுறை செய்தே ஆகவேண்டிய கடமைக்கே இந்த நிபந்தனை! கப்பல் மூழ்கும் நிலைக்கு வந்தால் சரக்கைக் கடலில் எறியலாம் என்றும், பயணிகளின் உயிர் காக்க அது வழியாகுமெனில் எறிவது கட்டாயம் என்றும் அந்நூல் கூறுகிறது. பொருளா, உயிரா என்ற கேள்வி எழும்போது சட்டம் எந்தப் பக்கம் நிற்கிறது என்பதில் ஐயத்துக்கு இடமே இல்லை.

ஐதாபின் கரையில்

நூலில் இருப்பது வேறு. துறைமுகத்தில் நடப்பது வேறு. இமாம் மாவர்தீ அவர்கள் மறைந்து 125 ஆண்டுகள் கழித்து, ஹிஜ்ரி 579இல் (கி.பி. 1183) அந்தலூஸிலிருந்து ஹஜ்ஜுக்குப் புறப்பட்ட ஓர் அறிஞர் செங்கடலின் மேற்குக் கரையில் உள்ள ஐதாப் என்னும் துறைக்கு வந்து சேர்ந்தார். அவர்தாம் இப்னு ஜுபைர். வாலன்சியாவில் பிறந்தவர், கிரனாடா ஆளுநரிடம் எழுத்தராகப் பணியாற்றியவர், தம் பயணத்தை விரிவாக எழுதி வைத்தவர்.

சிலுவைப் போர்களின் காலம் அது. வடக்கே ஸினாய் வழியாகச் செல்வது ஆபத்தாக இருந்ததால், எகிப்து வழியே வந்த ஹாஜிகள் நைல் நதியில் ஏறிச் சென்று, கூஸ் நகரில் இறங்கி, பாலைவனத்தைக் கடந்து ஐதாபை அடைந்தார்கள். அங்கிருந்து ஜித்தாவுக்குப் படகில் செல்ல வேண்டும். அந்தப் படகுகளுக்கு 'ஜிலாப்' என்று பெயர். அவற்றில் ஆணியே கிடையாது. தேங்காய் நாரால் திரித்த கயிற்றால் பலகைகளைத் தைத்திருந்தார்கள். மரம் இந்தியாவிலிருந்தும் யமனிலிருந்தும் வந்தது. பாயோ ஒருவகைப் பனையோலையால் முடைந்தது. இவற்றைக் கண்ட இப்னு ஜுபைர், இத்தனை வலுவற்ற கலங்களை மிதக்க வைத்திருப்பது இறைவனின் கருணையே என்று வியந்தார்.

அவருடைய சினமோ பலகையின் மேல் எழவில்லை. பலகையின் சொந்தக்காரர்கள் மேல் எழுந்தது. கூண்டில் கோழிகளை அடைப்பதுபோல் ஒருவர் மேல் ஒருவர் அமரும்படி ஹாஜிகளை அடைத்தார்கள். ஒரே பயணத்தில் படகின் விலை முழுவதையும் எடுத்துவிட வேண்டும் என்ற பேராசைதான் காரணம். அதன்பின் கடல் அந்தப் படகை என்ன செய்தாலும் அவர்களுக்கு இழப்பில்லை. பலகைக்குத்தான் நாம் பொறுப்பு, உயிருக்கு ஹாஜிகளே பொறுப்பு என்ற கருத்தில் ஒரு பழமொழியே அவர்களிடம் வழங்கி வந்ததாம்! காற்றில் வழிதவறிய படகுகள் ஆளில்லாத கரைகளில் ஒதுங்க, அங்கிருந்து பாலைவனத்தில் நடந்த பலர் தாகத்தால் மடிந்ததையும் அவர் எழுதுகிறார்.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். கண்ணெதிரே கண்ட இந்தக் கொடுமைக்கு இப்னு ஜுபைர் விதியைக் காரணம் காட்டவில்லை. முஸ்லிம் நாடுகளிலேயே ஹிஸ்பா மிகவும் தேவைப்படும் இடம் இதுதான். இங்கு முஹ்தஸிபின் கையில் இருக்க வேண்டியது சாட்டை அன்று, வாள் என்ற கருத்தை அவர் எழுதி வைத்தார். சட்டம் நூலில் இருந்தது. அதை ஏந்திக் கரையில் நிற்க ஆள் இல்லை. அவருடைய குற்றச்சாட்டின் சாரம் இதுவே.

'ஜித்தா' என்னும் கப்பல்

ஏழு நூற்றாண்டுகள் கடந்தன. கயிற்றால் தைத்த படகு போய் நீராவிக் கப்பல் வந்தது. 1880ஆம் ஆண்டு ஜூலையில் 'ஜித்தா' என்னும் கப்பல் சிங்கப்பூரிலிருந்து புறப்பட்டு, பினாங்கிலும் ஆட்களை ஏற்றிக்கொண்டு அரபுக் கரையை நோக்கிச் சென்றது. அதில் 900க்கும் மேற்பட்ட ஹாஜிகள் இருந்தார்கள். பெண்களும் குழந்தைகளும் அவர்களுள் அடக்கம். பருவக்காற்றின் சீற்றத்தில் கொதிகலன்கள் நிலைபெயர்ந்தன. கப்பலுக்குள் நீர் ஏறியது. அத்தனை பேரையும் ஏற்றிக் காப்பாற்றப் போதுமான உயிர்காப்புப் படகுகள் கப்பலில் இல்லை.

ஆகஸ்டு 8ஆம் நாள், இருள் விலகுமுன், கப்பல் தலைவர் தம் மனைவியுடனும் சில அதிகாரிகளுடனும் ஒரு படகில் இறங்கிப் போய்விட்டார். வேறொரு கப்பல் அவர்களை ஏற்றிக்கொண்டு ஏடனில் சேர்த்தது. 'ஜித்தா' மூழ்கிவிட்டது என்று அவர்கள் அங்கே அறிவித்தார்கள். ஆனால் மறுநாளே 'ஆன்டினார்' என்ற கப்பல் 'ஜித்தா'வைக் கயிறு கட்டி இழுத்துக்கொண்டு அதே ஏடன் துறைக்குள் நுழைந்தது. கைவிடப்பட்ட ஹாஜிகள் நீரை இறைத்து இறைத்துக் கப்பலை மிதக்க வைத்திருந்தார்கள்.

விசாரணை நடந்தது. கப்பல் தலைவரின் சான்றிதழ் மூன்றாண்டுகளுக்கு நிறுத்தி வைக்கப்பட்டது. ஆங்கில எழுத்தாளர் ஜோசப் கான்ராட் இந்நிகழ்ச்சியை அடிப்படையாகக் கொண்டு ஒரு நாவல் எழுதி உலகறியச் செய்தார். அந்நாவலின் நாயகர் கப்பலை விட்டு ஓடிய அதிகாரி. நீரை இறைத்த ஹாஜிகளோ பெயரற்ற கூட்டம். அவர்கள் துஆச் செய்திருப்பார்கள் என்பதில் ஐயமில்லை. கையில் வாளியும் இருந்தது. ஒட்டகத்தைக் கட்டாமல் விட்டுத் தவக்குல் வைக்கலாமா என்று கேட்டவரிடம், கட்டிவிட்டுத் தவக்குல் வைக்குமாறு நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அறிவுறுத்திய செய்தியைத் திர்மிதீ கிரந்தத்தில் காண்கிறோம். அந்த அறிவுரைக்கு நடுக்கடலில் எழுதப்பட்ட உரை இது எனலாம்.

கப்பலில் ஒரு கோடு

இதே காலத்தில் இங்கிலாந்தில் சாமுவேல் பிளிம்சால் என்ற நாடாளுமன்ற உறுப்பினர், அளவுக்கு மேல் சரக்கேற்றி மாலுமிகளைச் சாகவிடும் முதலாளிகளுக்கு எதிராகப் போராடி வந்தார். அதன் பயனாக 1876இல் ஒரு சட்டம் வந்தது. கப்பலின் பக்கத்தில் ஒரு கோடு இட வேண்டும். நீர் அதைத் தாண்டும்படி சுமை ஏற்றக்கூடாது. இன்றும் உலகக் கப்பல்களில் காணப்படும் 'பிளிம்சால் கோடு' இதுதான்.

ஆனால் அந்தக் கோட்டை எந்த இடத்தில் இடுவது என்பதை முதலாளியே முடிவு செய்யலாம் என்று அச்சட்டம் விட்டுவிட்டது. கோட்டின் இடத்தை அரசே வரையறுக்கும் சட்டம் வர 1890 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. ஐதாபில் சட்டம் இருந்தும் காவலர் இல்லை. இங்கிலாந்தில் கோடு இருந்தும் அதை இடும் கை முதலாளியுடையதாகவே இருந்தது. இரண்டிலும் குறை ஒன்றே. இலாபம் பெறுபவனிடமே அளவுகோலையும் கொடுத்துவிட்டால் அந்த அளவுகோல் நீண்டுகொண்டே போகும். 'ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு' என்பது தமிழ்ப் பழமொழி. ஆற்றிலே மிதக்க விடுவதையும் அளந்தே விட வேண்டும். அளப்பவர் வேறொருவராகவும் இருக்க வேண்டும்.

நம் காலத்தில்

இவையெல்லாம் பழங்கதை என்று ஒதுக்க இயலவில்லை. 2009 செப்டம்பர் 30 அன்று தேக்கடி ஏரியில் உல்லாசப் படகு கவிழ்ந்து 45 பேர் இறந்தார்கள். கரையில் தென்பட்ட விலங்குகளைக் காணப் பயணிகள் ஒரே பக்கம் திரண்டபோது படகு சாய்ந்தது. மேல்தட்டில் ஆட்கள் கூடினால் படகின் கனம் மேலேறுகிறது. அந்தக் கனம் ஒரு பக்கம் நகர்ந்தால் படகு மீண்டும் நிமிர்வதில்லை.

2021 நவம்பர் 23 அன்று இலங்கையின் கிண்ணியாவில், குறிஞ்சாக்கேணிப் பாலம் கட்டி முடியும்வரை மக்களை அக்கரை சேர்த்து வந்த மிதவை கவிழ்ந்தது. காலையில் பள்ளிக்கூடத்துக்குப் புறப்பட்ட பிள்ளைகளும் மாண்டார்கள்.

2023 மே 7, ஞாயிற்றுக்கிழமை மாலை. கேரளத்தின் மலப்புறம் மாவட்டத்தில் தானூர் தூவல் தீரத்தில் இரண்டு தட்டுப் படகு ஒன்று கவிழ்ந்து 22 பேர் இறந்தார்கள். பலர் குழந்தைகள், ஒரே குடும்பத்தைச் சேர்ந்தோர் மட்டும் பலர். மீன்பிடிப் படகை உல்லாசப் படகாக மாற்றியிருந்தார்கள். ஏற்றத்தக்க அளவைவிட மிகுதியாக ஆட்களை ஏற்றியிருந்தார்கள். பொழுது சாய்ந்த பிறகு படகை எடுத்தார்கள். பெரும்பாலோர் உயிர்காப்பு அங்கி அணிந்திருக்கவில்லை. இமாம் மாவர்தீ அவர்களின் முஹ்தஸிப் அன்று அந்தத் துறையில் நின்றிருந்தால் அந்தப் படகு கரையை விட்டு நகர்ந்திருக்காது.

முஹ்தஸிப் என்ற பதவி இன்று நம்மிடையே இல்லை. அரசுகள் ஆய்வாளர்களை அமர்த்துகின்றன, உரிமம் தருகின்றன, விபத்துக்குப் பின் விசாரணைக் குழு அமைக்கின்றன. அவர்கள் தம் கடமையைச் செய்யட்டும். செய்யாவிடில் கேட்கவும் வேண்டும். ஆனால் படகில் கால் வைக்கும் நொடியில் அங்கே இருப்பவர்கள் படகுக்காரரும் நாமும்தாம். கப்பலின் மேல்தட்டினர், கீழ்த்தட்டினர் பற்றி நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கூறிய உவமை புகாரீ கிரந்தத்தில் உள்ளது. கீழே இருந்தவர்கள் தண்ணீருக்காகத் தம் பகுதியில் துளையிட எண்ணினார்கள். மேலே இருந்தவர்கள் அவர்களைத் தடுத்தால் எல்லாரும் பிழைப்பார்கள். அது அவர்கள் பாடு என்று விட்டுவிட்டால் எல்லாரும் அழிவார்கள். ஒரு படகில் ஏறியோரின் உயிர் தனித்தனி உயிர் அன்று என்பதே அந்த உவமையின் பாடம்.

ஆகவே, பெருநாள் விடுமுறையில் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு ஆற்றுக்கும் ஏரிக்கும் செல்லும் பெற்றோர் சிலவற்றைக் கேட்டுப் பழக வேண்டும். இந்தப் படகில் எத்தனை பேர் ஏறலாம்? இப்போது எத்தனை பேர் இருக்கிறார்கள்? பிள்ளையின் உடலுக்குப் பொருந்தும் அங்கி இருக்கிறதா? இருட்டிய பிறகோ காற்று மாறிய பிறகோ படகு எடுக்கலாமா? விடை சரியில்லையெனில் கொடுத்த காசை விட்டுவிட்டு இறங்கிவிட வேண்டும். படகில் இருக்கும்போது எழுந்து ஒரு பக்கம் திரளாமல் அமர்ந்திருக்க வேண்டும். 'இவர் மட்டும் ஏன் பயப்படுகிறார்?' என்று பிறர் நகைத்தாலும் பரவாயில்லை. ஹஜ்ஜுக்கே பாதுகாப்பை நிபந்தனையாக்கிய மத்ஹபைப் பின்பற்றுவோருக்கு, அரைமணி நேர உல்லாசத்துக்கு அந்த நிபந்தனையை வைப்பதில் என்ன வெட்கம்?

ஐதாபின் படகுக்காரர்கள் பலகையையும் உயிரையும் இருவேறு கணக்குகளாகப் பிரித்தார்கள். பலகையின் கணக்கைத் தாம் வைத்துக்கொண்டு, உயிரின் கணக்கை ஹாஜிகளின் தலையில் கட்டினார்கள். நம் இமாம்கள் எழுதிய சட்டம் அந்தப் பிரிவினையை ஏற்கவில்லை. பலகையை வாடகைக்கு விடுபவன் அதன் மேல் அமரும் உயிருக்கும் பொறுப்பாளி. அந்தப் பொறுப்பை அவனுக்கு நினைவூட்டுவது, கரையில் நிற்கும் ஒவ்வொருவர் மீதும் உள்ள அமானிதம்.