பாட்டனார் வாழ்ந்த மண்ணைத் தேடி



2025ஆம் ஆண்டு நவம்பரில் தமிழகத்தில் வாக்காளர் பட்டியல் சிறப்புத் தீவிரத் திருத்தம் தொடங்கியபோது, நம்மில் பலரும் 2002, 2005ஆம் ஆண்டுகளின் பழைய பட்டியல்களில் நம் பெயரையும் பெற்றோர் பெயரையும் தேட வேண்டியதாயிற்று. இன்று நம் பகுதியில் 'கண்டமங்கலம்' என்னும் பெயரில் சட்டமன்றத் தொகுதி இல்லை; தொகுதி மறுசீரமைப்புக்குப் பின் 2011 தேர்தலிலிருந்து அப்பெயர் மறைந்துவிட்டது. ஆனால் பழைய பட்டியலோ அந்தப் பெயரில்தான் இருக்கிறது. இருபது ஆண்டுகளுக்கு முந்திய பெயரைக் கண்டுபிடிப்பதே இத்தனை சிரமம் என்றால், எண்பது, நூறு ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த பாட்டனாரை எங்கே தேடுவது?

பெயரைக்கொண்டு தேடுவோர் விரைவில் களைத்துவிடுவர். நம் சமுதாயத்தில் குடும்பப் பெயர் என்று ஒன்று பெரும்பாலும் இல்லை. பாட்டனார் பெயரைப் பேரனுக்கு வைப்பது வழக்கம். ஆகவே ஒரே தெருவில் மூன்று அப்துல் காதர்கள் இருப்பார்கள். அவர்களுள் ஒருவர் ஒரு பத்திரத்தில் 'சாயபு' என்றும், இன்னொன்றில் 'ராவுத்தர்' என்றும், மற்றொன்றில் வெறும் காதர் என்றும் எழுதப்பட்டிருப்பார். மாறாமல் நிற்பது இடம் ஒன்றே. எந்த ஊர், எந்தத் தெரு, எந்தக் கிணற்றடி என்று தெரிந்துவிட்டால், பெயர் தானே பின்தொடர்ந்து வரும்.

நமது பகுதிக்கோ இதில் ஒரு தனிச் சிக்கல் உண்டு. புதுவையிலிருந்து விழுப்புரம் செல்லும் சாலையில் பயணம் செய்வோர் அறிவர்: வில்லியனூரும் அரியூரும் புதுவை, கண்டமங்கலம் தமிழகம், சிறிது தூரத்தில் திருபுவனை, மதகடிப்பட்டு என மீண்டும் புதுவை, அதைக் கடந்தால் வளவனூர், மறுபடியும் தமிழகம். இன்று இது பேருந்துக் கட்டணத்திலும் மதுக்கடைப் பலகையிலும் மட்டும் தெரிகிற எல்லை. அன்றோ இரண்டு பேரரசுகளின் எல்லை. ஒருபுறம் ஆங்கிலேயரின் தென்னார்க்காடு மாவட்டம்; மறுபுறம் பிரெஞ்சு இந்தியா. 1879இல் புதுவைக்கும் விழுப்புரத்துக்கும் இடையே இருப்புப்பாதை திறக்கப்பட்டது. 1949இல் இரு பகுதிகளுக்கும் இடையிலான சுங்க உடன்பாடு முடிவுக்கு வந்தபின் எல்லையில் கெடுபிடி மிகுந்தது. வில்லியனூர்ப் பக்கத்துக் கீழூரில் 1954 அக்டோபர் 18 அன்று கூடிய 178 மக்கள் பிரதிநிதிகளில் 170 பேர் இந்தியாவுடன் இணைய வாக்களித்தனர். அதே ஆண்டு நவம்பர் 1 அன்று ஆட்சி கைமாறியது. சட்டப்படியான இணைப்பு நிறைவேறியது 1962 ஆகஸ்டு 16இல்தான்.

இந்த வரலாற்றைப் பள்ளிப் பாடமாக மட்டும் கருதிவிடலாகாது. எல்லைக்கு அப்பால் பெண் எடுத்ததும் கொடுத்ததும் எப்போதும் நடந்தே வந்தது. பிரசவத்திற்குத் தாய்வீடு செல்வது மரபாதலால், தந்தை ஆங்கிலேயர் எல்லையில் வரி கட்டியிருப்பார். குழந்தையோ பிரெஞ்சு எல்லையில் பிறந்திருக்கும். 1962இல் நடைமுறைக்கு வந்த ஒப்பந்தப்படி, பிரெஞ்சுப் பகுதியில் பிறந்து அங்கேயே வசித்த பிரெஞ்சுக் குடிமக்கள் இந்தியராயினர்; வேண்டுவோர் ஆறு மாதத்திற்குள் பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்து எழுதிக் கொடுக்கலாம் என்றிருந்தது. சிலருக்கு இரண்டு மைல் தள்ளிப் பிறந்ததே வாழ்வின் திசையை மாற்றியிருக்கிறது.

எனவே நம் குடும்பங்கள் இரண்டு இடங்களில் தேட வேண்டும். தமிழகப் பகுதியில் பிறப்பு, இறப்புகளை எழுதி வந்தவர் கிராம முன்சீப். நிலக் கணக்கு கர்ணம் வசம். இப்பதவிகள் 1980இல் ஒழிக்கப்பட்டன. பழைய பிறப்புப் பதிவுகளில் குழந்தையின் பெயர் பெரும்பாலும் இராது. 'ஆண் குழந்தை', தகப்பனார் இன்னார் என்றே இருக்கும். ஆக இங்கும் ஊரும் ஆண்டும் தெரியாமல் ஒன்றும் நடவாது. புதுவைப் பகுதியிலோ, மக்கள் இன்றும் 'மேரி' என்றழைக்கும் நகராட்சியின் பதிவேடுகள் உள்ளன. அவற்றில் பழையவற்றின் படிகள் பிரான்சின் எக்ஸ் நகரிலுள்ள கடல்கடந்த நாடுகளின் ஆவணக் காப்பகத்தில் பாதுகாக்கப்பட்டு, இணையத்திலும் பார்வைக்கு வைக்கப்பட்டுள்ளன. ஆனால் நம் பெயர்களைப் பிரெஞ்சு எழுத்தர் தம் காதில் விழுந்தபடி எழுதியிருப்பார். உரக்கப் படித்துப் பார்த்தால்தான் நம் பாட்டனார் பெயர் பிடிபடும்!

கணக்குகளில் ஆண்டு எழுதும் முறையும் பலரைத் திகைக்க வைக்கிறது. வருவாய்த்துறை பயன்படுத்தியது பசலி ஆண்டு. அது ஜூலையில் தொடங்கும். அதனுடன் 590ஐக் கூட்டினால் ஆங்கில ஆண்டு கிடைக்கும். பசலி 1350 என்றால் 1940 ஜூலை முதல் 1941 ஜூன் வரை. கபர்ஸ்தான் கற்களிலும் பழைய நிக்காஹ் புத்தகங்களிலும் காண்பது ஹிஜ்ரி. அதற்கு இப்படி எளிய கூட்டல் கணக்கு இல்லை, ஆண்டுதோறும் பத்துப் பதினொரு நாள் நகர்ந்து வரும். ஹிஜ்ரி 1300 பிறந்தது 1882 நவம்பரில் என்பதை அடையாளமாக வைத்துக்கொள்ளலாம்.

நாம் மிகுதியும் மதிப்பது நான்கெல்லையைத்தான். ஒவ்வொரு தாய்ப்பத்திரத்திலும் மனையின் நான்கு பக்கமும் யார் யார் இருந்தனர் என எழுதப்பட்டிருக்கும். நம் பாட்டனார் பத்திரம் செல்லரித்துப் போயிருக்கலாம். ஆனால் பக்கத்து வீட்டு முதலியார் பத்திரத்தில், 'இன்னார் மகன் இன்ன சாயபு மனைக்கு மேற்கு' என்று அவர் நிலைத்து நிற்பார். பிற சமயத்து அண்டை வீட்டாரின் பெட்டியில் நம் வம்சாவளி பத்திரமாக இருப்பது நம் ஊர்களுக்கே உரிய பாங்கு என்போம்.

பெண்மக்களைத் தேடுவது இன்னும் கடினம். நிலமும் வரியும் ஆண்கள் பெயரில் இருந்தமையால், பாட்டிமார் அரசுக் கணக்கில் அரிதாகவே தென்படுகின்றனர். அவர்களைக் காட்டித் தருவன மஹல்லாவின் நிக்காஹ் பதிவேடும், வேற்றூர் ஜமாஅத்திலிருந்து வந்த தடையில்லாக் கடிதமுமே. பெண்ணின் தகப்பனார், வக்கீல், இரு சாட்சிகள், ஊர், மஹர் என அத்தனையும் அதில் உண்டு. அக்கடிதம் எந்த ஊரிலிருந்து வந்ததோ அதுவே அம்மையாரின் தாய்வீடு. சில இல்லங்களின் பரணில் அரபுத்தமிழில் எழுதிய குறிப்பேடுகளும் கிடக்கக்கூடும். படிப்பதற்கு ஆள் இல்லை என்று பழைய புத்தகக்காரரிடம் எடைக்குப் போட்டுவிட வேண்டாம்.

கடல் கடந்த இடமும் ஒன்றுண்டு. புதுவை, காரைக்கால் முஸ்லிம்கள் பிரெஞ்சு ஆட்சியின் கீழிருந்த சைகோனுக்கு வணிகத்திற்காகச் சென்றனர். அந்நகரின் நடுவே 1935இல் எழுந்த ஜாமிஆ பள்ளிவாசல் தென்னிந்திய முஸ்லிம்கள் கட்டியது. இன்றும் தொழுகை நடைபெறுகிறது. "எங்கள் நன்னா சைகோன் சபராளி" என்று வீட்டில் பேச்சுவாக்கில் சொல்லப்பட்டால், அதைக் கதையென்று தள்ளாமல், எந்தத் தெரு, என்ன கடை என்று அப்போதே கேட்டு எழுதிக்கொள்வது நலம்.

எண்பது வயதைக் கடந்த பெரியவர்கள் நம் மஹல்லாக்களில் இன்னும் இருக்கிறார்கள். அவர்களை அமர்த்தி, பழைய தெருக்களின் வரைபடம் ஒன்றை வீட்டுவாரியாக வரைந்து வைக்கவும், நிக்காஹ் பதிவேடுகளைக் கறையான் முந்துவதற்குள் பக்கம் பக்கமாகப் படமெடுத்துப் பத்திரப்படுத்தவும் நிர்வாகக் குழுவினர் ஆவன செய்யுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.