பஞ்சம் சொல்லிக்கொடுத்த பத்தியமா?

கோதுமை உண்டால் குடல் கெடும் சீலியாக் நோயின் வரலாற்றை எழுத வருகிறவர்கள் பெரும்பாலும் 1944–45 குளிர்காலத்து நெதர்லாந்தைத் தொடாமல் போவதில்லை. 1944 செப்டம்பரில் அந்நாட்டு ரயில் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். நாட்டைப் பிடித்துவைத்திருந்த ஜெர்மானியர்கள் அதற்குப் பதிலடியாக மேற்குப் பகுதி நகரங்களுக்கு உணவு போகும் வழியை அடைத்தார்கள். ஆம்ஸ்டர்டாமிலும் தி ஹேக்கிலும் துலிப் பூச்செடியின் கிழங்கை வேகவைத்துத் தின்னும் நிலை வந்தது. ஏறத்தாழ 20,000 பேர் மாண்டதாகக் கணக்கிடுகிறார்கள். ஊரே பட்டினியில் வாடியபோது, தி ஹேக் குழந்தைகள் மருத்துவமனையில் தீராத வயிற்றுப்போக்கால் மெலிந்துகிடந்த சில பிள்ளைகள் மட்டும் தேறினார்கள்; நேசநாட்டு விமானங்கள் உணவைப் போட்டு, ரொட்டி திரும்பி வந்ததும் அதே பிள்ளைகள் மறுபடி படுத்தார்கள்; அதைக் கவனித்த வில்லெம் காரல் டிக்கெ என்ற மருத்துவர் கோதுமைதான் நஞ்சு என்று கண்டுகொண்டார். இப்படித்தான் கதை சொல்லப்படுகிறது. இதை முழுப் பொய் என்று தள்ள முடியாது. ஆனால் முன்னும் பின்னும் நடந்தவற்றை அது மறைத்துவிடுகிறது. பஞ்சம் ஓர் ஐயத்தை உறுதிப்படுத்தியிருக்கலாம். நிரூபணம் அதிலிருந்து வரவில்லை, வந்திருக்கவும் முடியாது என்பதே என் வாதம்.

இந்த நோய்க்கு உணவுதான் மருந்து என்பது டிக்கெக்கு வெகு முன்பே தெரிந்த விஷயம். லண்டன் மருத்துவர் சாமுவேல் ஜீ 1888இல் வெளியிட்ட கட்டுரையில், வயிறு உப்பி, கைகால் சூம்பி, வெளிறிய மலத்தோடு தேயும் குழந்தைகளைத் துல்லியமாக வருணித்தார். குணப்படுத்த வழி உண்டென்றால் அது பத்தியம்தான் என்றும் எழுதினார். ஆனால் அவர் வகுத்த பத்தியத்தைப் பாருங்கள்: அரிசி, சவ்வரிசி, மக்காச்சோள மாவு ஆகாது; மெல்லியதாக அரிந்து இருபுறமும் வாட்டிய ரொட்டி ஆகும். இன்று நமக்குத் தெரிந்ததற்கு நேர் தலைகீழ். தினமும் ஹாலந்துச் சிப்பிகளைத் தின்ற ஒரு குழந்தை நன்றாகத் தேறியது என்பதையும், சிப்பிப் பருவம் முடிந்ததும் மறுபடி நோயில் விழுந்தது என்பதையும் அவரே குறித்திருக்கிறார். கூர்மையான கண் அவருக்கு. ஆனாலும் அந்தக் குழந்தையின் தட்டில் சிப்பி வந்ததா, வேறேதோ போனதா என்று கேட்க அவருக்கு வழியில்லை.

அந்தக் கேள்வியைக் கேட்காததன் விலை நியூயார்க்கில் தெரிந்தது. சிட்னி ஹாஸ் 1924இல் தம் வாழைப்பழப் பத்தியத்தை வெளியிட்டார். பழத்தோடு பாலும் தயிர்க்கட்டியும் இறைச்சியும் உண்டு. ரொட்டி, தானியம், உருளைக்கிழங்கு கிடையாது. எட்டுக் குழந்தைகளுக்குக் கொடுத்தார், எட்டும் தேறின. அடுத்த கால் நூற்றாண்டுக்கு அமெரிக்காவில் சீலியாக் குழந்தை என்றாலே வாழைப்பழம் என்றாகிவிட்டது. ஹாஸ் எத்தனையோ உயிர்களைக் காத்தார், அதில் ஐயமில்லை. ஆனால் காத்தது வாழைப்பழம் என்று அவர் நம்பினார். மாவுச்சத்தில்தான் கோளாறு, வாழையின் இனிப்பு மட்டும் விதிவிலக்கு என்பது அவர் கணக்கு. பத்தியம் இருந்தால் நோய் அடியோடு தீரும், பிறகு எல்லோரையும்போல உண்ணலாம் என்றும் சொன்னார். சீலியாக் அப்படித் தீருகிற நோயல்ல. ‘குணமான’ குழந்தைகள் ரொட்டிக்குத் திரும்பினார்கள், குடலுக்குள் நோயும் திரும்பியது. குணமானால் போதாதா, காரணம் எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. அவர்களுக்கு இதைவிட நல்ல பதில் எனக்குத் தெரியவில்லை.

இனி டிக்கெ. 1905இல் பிறந்தவர், தி ஹேக் நகரின் யூலியானா குழந்தைகள் மருத்துவமனைக்கு 1936இல் தலைமை மருத்துவர் ஆனவர். 1941இல், அதாவது பஞ்சத்துக்கு மூன்று ஆண்டுகள் முன்பு, டச்சு மருத்துவ இதழில் அவர் எழுதிய கட்டுரை ஒன்று கிடைக்கிறது. வாழைப்பழப் பத்தியமும் பழம்–காய்கறிப் பத்தியமும் சிறந்தவை என்கிறார்கள், ஆனால் போர்க்காலத்தில் அவை கிடைப்பதில்லை. ஆகவே எளிய பத்தியம் ஒன்றைக் கொடுத்துப் பார்க்கிறேன் என்பது அதன் சாரம். ரொட்டியும் ரஸ்க்கும் கூடாது, கஞ்சியிலும் கோதுமை மாவு சேரக் கூடாது. ஆக, கோதுமை மீதான ஐயம் பஞ்சத்தில் பிறக்கவில்லை. போர் உதவியது உண்மைதான். ஆனால் கதை சொல்லும் வழியில் அல்ல. கப்பல்கள் நின்று வாழைப்பழம் மறைந்ததால், இருபது ஆண்டுகளாக மருத்துவர்களின் கண்ணை மறைத்திருந்த பழமும் விலகியது. எதைச் சேர்ப்பது என்று தேடியவர்கள், எதை நீக்கினோம் என்று பார்க்கத் தொடங்கினார்கள். வரலாற்றில் எனக்கு மிகவும் பிடித்த தற்செயல்களில் இதுவும் ஒன்று.

பஞ்சத்தின் பங்கை நான் வேண்டுமென்றே குறைப்பதாகத் தோன்றலாம். டிக்கெயின் குழுவே போர்க்கால அனுபவத்தைச் சான்றாகச் சுட்டியிருக்கிறதே என்று கேட்கலாம். சுட்டியது மெய். ஆனால் அந்தக் குளிர்காலத்தை ஒரு சோதனையாக வைத்துப் பாருங்கள். கோதுமையோடு பாலும் வெண்ணெயும் இறைச்சியும் சேர்ந்தே குறைந்தன. ரொட்டிப் பங்கீடு சுருங்கியதே தவிர அற்றுப்போகவில்லை. குழந்தைகள் மொத்தத்தில் குறைவாக உண்டார்கள், அதுவும் வழக்கத்தில் இல்லாத கிழங்குகளை. தேறியவர்களுக்கு எது உதவியது? கொழுப்பு குறைந்ததா, சர்க்கரை குறைந்ததா, கோதுமை குறைந்ததா? எல்லாம் ஒரே நேரத்தில் மாறிய இடத்தில் எதன் மீதும் விரல் நீட்ட முடியாது. ஹாஸின் பத்தியமும் பல பொருள்களை ஒருசேர நீக்கியது; அதிலிருந்து அவர் தவறான முடிவுக்கு வந்ததும் நமக்குத் தெரியும். பஞ்சத்தை மட்டும் நம்பியிருந்தால் டிக்கெயும் இன்னொரு ஹாஸ் ஆகியிருப்பார்.

அவர் அப்படி ஆகாததற்குக் காரணம் போர் முடிந்த பிறகு செய்த சலிப்பூட்டும் வேலை. உத்ரெக்ட் நகரில் வான் டெ காமர் என்ற வேதியியலாளர், மலத்தில் உள்ள கொழுப்பை எளிதாக அளக்கும் முறை ஒன்றை உருவாக்கியிருந்தார். அவரும் வெய்யர்ஸ் என்ற குழந்தை மருத்துவரும் டிக்கெயோடு சேர்ந்தார்கள். குழந்தையின் உணவில் எவ்வளவு கொழுப்பு உள்ளே போகிறது, எவ்வளவு வெளியே வருகிறது என்று நாள்கணக்கில் அளந்தால், குடல் உறிஞ்சிய பங்கு எண்ணாகக் கிடைத்துவிடும். தேறிய குழந்தைக்கு ஒரே ஒரு பொருளைத் திருப்பிக் கொடுப்பது, அளப்பது. நிறுத்துவது, மறுபடி அளப்பது. கோதுமையும் அதன் உறவுத் தானியமான ரையும் கொடுத்தால் உறிஞ்சும் திறன் சரிந்தது. அரிசி, மக்காச்சோளம், உருளைக்கிழங்கு கொடுத்தால் ஒன்றும் ஆகவில்லை. டிக்கெ 1950இல் உத்ரெக்ட் பல்கலைக்கழகத்தில் அளித்த ஆய்வேட்டில் விரல்விட்டு எண்ணக்கூடிய சில குழந்தைகளே இருந்தார்கள். ஆனால் ஒவ்வொருவரின் வளர்ச்சியும் ஆண்டுக்கணக்கில் பதிவாகியிருந்தது. கோதுமை நுழைந்த இடத்தில் எடைக்கோடு சாய்வதைக் கண்ணால் பார்க்கலாம். அடுத்து மாவையே பிரித்தார்கள். 1952இல் இங்கிலாந்தின் பர்மிங்காம் குழுவும், 1953இல் டச்சுக்காரர்களும் வெளியிட்ட முடிவு ஒன்றே: குளூட்டன் என்னும் புரதத்தைக் கழுவி நீக்கிய கோதுமை மாவுச்சத்து தீங்கு செய்யவில்லை, குளூட்டன் செய்தது. மாவுச்சத்தின் மீது ஜீயும் ஹாஸும் சுமத்திய பழி அன்று நீங்கியது. இந்த முறையும் தவறே செய்யாத முறை அல்ல. ஓட்ஸையும் குற்றப்பட்டியலில் சேர்த்துவிட்டது. கோதுமை கலக்காத ஓட்ஸைப் பெரும்பாலான நோயாளிகள் உண்ணலாம் என்பது 1990களில்தான் தெளிவானது. ஆனால் அந்தத் தவறைத் திருத்தியதும் அதே கொடுத்துப் பார்க்கும் முறைதான்.

இது கோதுமை தின்னும் நாடுகளின் கதை, சோறு தின்னும் நமக்கென்ன என்று தோன்றுவது இயல்பு. ஆனால் வட இந்தியக் குழந்தைகளிடம் சீலியாக் இருப்பது 1966இலேயே அறிக்கையாக வந்துவிட்டது. தெற்கே நிலைமை வேறு: வடஆர்க்காடு கிராமங்களில் பரவிய ஸ்ப்ரூ என்னும் உறிஞ்சாக்குடல் நோயைத்தான் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் அக்காலத்தில் ஆராய்ந்துகொண்டிருந்தார்கள். 2016இல் வெளியான அனைத்திந்திய ஆய்வு 23,000 பேருக்கு மேல் பரிசோதித்தது. வடக்கே ஆயிரம் பேரில் எட்டுக்கு மேல் சீலியாக். தெற்கே பத்தாயிரத்தில் ஒருவர் அளவில்தான். நோய்க்கு இடம் கொடுக்கும் மரபணுவோ இரு பகுதிகளிலும் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு மக்களிடம் இருந்தது. கோதுமை உண்ணும் அளவு மட்டும் வெகுவாக வேறுபட்டது: நாளொன்றுக்கு வடக்கே சுமார் 455 கிராம், தெற்கே சுமார் 25. மரபணு நம்மிடமும் உண்டு. இரவுச் சாப்பாடு சப்பாத்தியாகவும் பரோட்டாவாகவும் மாறிவரும் வீடுகளில் அந்த 25 கிராம் நிலைக்கும் என்று நான் நினைக்கவில்லை.

இதற்கிடையே, சீலியாக் இல்லாமலே கோதுமை ஒத்துக்கொள்வதில்லை என்பவர்கள் பெருகியிருக்கிறார்கள். அவர்கள் துன்பம் கற்பனை அல்ல. ஆனால் ஆஸ்திரேலியாவின் மோனாஷ் பல்கலைக்கழகக் குழு 2013இல் இத்தகைய 37 பேருக்கு, நொதித்து வாயு உண்டாக்கும் சர்க்கரைச் சத்துகளை முதலில் குறைத்துவிட்டு, யாருக்கு எது என்று தெரியாதபடி குளூட்டனைக் கொடுத்துப் பார்த்தபோது அதற்கென்று தனி விளைவு தெரியவில்லை. 2018இல் நார்வேயில் 59 பேரிடம் செய்த சோதனையில் குளூட்டனைவிட, கோதுமையிலும் வெங்காயம் பூண்டிலும் உள்ள ஃப்ரக்டான் என்ற சத்துதான் கூடுதலாகத் தொந்தரவு செய்தது. கோதுமையை விட்டதும் வயிறு லேசானது என்பதிலிருந்து குளூட்டன்தான் எதிரி என்று முடிவு கட்டுவது ஹாஸ் செய்த அதே தவறு. சீலியாக்கையும் ஃப்ரக்டான் தொந்தரவையும் பிரித்தறிவது ஏன் முக்கியம் என்றால், அவற்றுக்கான பத்தியங்கள் ஒன்றல்ல. ஃப்ரக்டான் ஒவ்வாதவர் அளவைக் குறைத்தால் போதும். சீலியாக் உள்ளவரோ வாழ்நாள் முழுதும் குளூட்டனைத் துளியும் சேர்க்க முடியாது. சாம்பாரில் போடும் கூட்டுப் பெருங்காயத்தில் கலந்த கோதுமை மாவுகூட ஆகாது. ஆகவே வயிற்றுக் கோளாறோ காரணம் தெரியாத இரத்தசோகையோ தொடர்ந்து இருந்து கோதுமை மேல் ஐயம் வந்தால், அதை நிறுத்துவதற்கு முன்பே மருத்துவரிடம் சீலியாக் இரத்தப் பரிசோதனை கேளுங்கள். பல மாதம் நிறுத்திவிட்டுப் போனால், நோய் இருந்தாலும் பரிசோதனையில் தெரியாமல் போகலாம்.