பீச் ரோட்டில் வாக்கிங் போறவங்களும் சைக்கிளும்: யார் எந்த ஓரம்?

புதுச்சேரி:

புதுச்சேரி கடற்கரை சாலையில் தினமும் மாலை 6 மணி முதல் மறுநாள் காலை 7.30 மணி வரை கார், பைக், ஆட்டோ எதற்கும் அனுமதி இல்லை. இரண்டு பக்கமும் தடுப்பு போட்டு விடுகிறார்கள். பழைய சாராய ஆலை பக்கம் தொடங்கி காந்தி சிலை, தலைமைச் செயலகம் வழியாக டூப்ளே சிலை வரை சுமார் ஒன்றரை கி.மீ. தூரம். இதன் பெயர் ஏட்டில் குபேர் அவென்யூ. ஊர் ஜனங்களுக்கு எப்போதும் பீச் ரோடுதான்.

மோட்டார் வண்டி இல்லை என்றதும் எல்லோரும் பயமில்லாமல் ரோட்டின் நடுவிலேயே நடக்கிறார்கள். சிக்கலே அங்கேதான். விடியற்காலையில் சர்க்கரை நோய்க்காக நடக்கும் பெரியவர், சைக்கிள் பழகும் சிறுவன், கியர் சைக்கிளில் பறக்கும் இளைஞர், வாடகை சைக்கிளில் ஊர் பார்க்கும் டூரிஸ்ட் என எல்லோரும் ஒரே ரோட்டில் வருகிறார்கள். பைக் என்றால் சத்தம் கேட்டு ஒதுங்கலாம். சைக்கிள் பக்கத்தில் வரும்வரை தெரியாது. அலைச் சத்தம் வேறு. இடித்த பிறகுதான் "ஏம்பா, பார்த்து வரக்கூடாதா?" என்ற பேச்சு. "நடு ரோட்டில் நடந்தா எப்படிங்க?" என்று பதில். இரண்டு பேர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது.

ஒரு வினாடி கணக்கு

சாதாரணமாக நடப்பவர் வேகம் மணிக்கு 4 அல்லது 5 கி.மீ. சைக்கிள் சர்வசாதாரணமாக 18 கி.மீ. போகும். 18 கி.மீ. என்றால் ஒரு வினாடிக்கு 5 மீட்டர். பலூனைப் பார்த்து ஒரு குழந்தை குறுக்கே ஓடினால், அதைப் பார்த்து கை பிரேக்கைப் பிடிக்கவே ஒரு வினாடி ஆகிவிடும். அதற்குள் 5 மீட்டர் போய்விட்டது. பிரேக் பிடித்து நிற்க இன்னும் 3 மீட்டர். ஆக மொத்தம் 8 மீட்டர். அதுவும் பிரேக் நன்றாக இருந்தால்.

அதே சைக்கிள் 10 கி.மீ. வேகத்தில் வந்தால் 4 மீட்டருக்குள் நின்றுவிடும். கூட்டத்துக்குள் வரும்போது மிதிப்பதை விட்டுவிட்டு உருட்டிக்கொண்டு வந்தாலே இந்த வேகம்தான் இருக்கும்.

கடலோர ஊரில் இன்னொரு தொல்லை உண்டு. உப்புக் காற்றில் பிரேக் கம்பி துருப்பிடித்து இறுகிவிடும். மணியும் அப்படித்தான், கட்டை விரல் வலிக்க அழுத்தினாலும் 'டிக்' என்று ஒரு சத்தம்தான் வரும். காற்றடிக்கும் நாளில் ரோட்டு ஓரம் மணல் படிந்து கிடக்கும், அதில் திடீர் பிரேக் போட்டால் சைக்கிள் வழுக்கும். வாடகைக்கு சைக்கிள் எடுப்பவர்கள் காசு கொடுக்கும் முன்பே இரண்டு பிரேக்கையும் மணியையும் அழுத்திப் பார்த்து வாங்க வேண்டும். கடைக்காரர் முகம் சுளித்தாலும் பரவாயில்லை.

மணி அடித்தால் போதுமா?

போதாது. முதுகுக்குப் பின்னால் வந்து 'ட்ரிங்' என்றால் நடப்பவர் திடுக்கிட்டு எந்தப் பக்கம் துள்ளுவார் என்று அவருக்கே தெரியாது. பாதி விபத்து இப்படித்தான் நடக்கிறது. பத்துப் பதினைந்து மீட்டர் முன்பே மெதுவாக ஒரு தடவை அடிக்க வேண்டும். அவர் திரும்பிப் பார்த்த பிறகு, அவருக்கு வலது பக்கமாக, ஒரு கை நீட்டும் அளவு இடைவெளி விட்டுக் கடக்க வேண்டும். "வலப்பக்கம் வர்றேங்க" என்று ஒரு வார்த்தை சொன்னால் இன்னும் நல்லது. திரும்பிப் பார்க்கவில்லையா? காது கேளாதவராக இருக்கலாம், இயர்போன் மாட்டியிருக்கலாம். அப்போது வேகத்தைக் குறைத்துத்தான் ஆக வேண்டும். மணி அடித்துவிட்டோம், இனி அவர் பாடு என்று போகக் கூடாது.

நடப்பவர்கள் பக்கமும் வேலை இருக்கிறது. நான்கு பேர் கைகோத்து ரோடு முழுக்க அரசியல் பேசிக்கொண்டு நடந்தால் யார் வந்தாலும் கடக்க வழி இல்லை. இரண்டு பேராக இடது ஓரம் நடந்தால் போதும். சட்டென்று நின்று செல்பி எடுப்பது, பின்னால் பார்க்காமல் யூ டர்ன் அடித்துத் திரும்புவது ஆபத்து. நாயைக் கூட்டி வருபவர்கள் கயிற்றைக் குட்டையாகப் பிடிக்க வேண்டும். நாய் ஒரு பக்கம், ஆள் ஒரு பக்கம், நடுவில் கயிறு என்றால் சைக்கிள்காரர் கதி அதோகதி.

கடலை ஒட்டிய நடைபாதை முழுக்க நடப்பவர்களுக்கானது. சைக்கிள் அங்கே ஏறவே கூடாது. ஞாயிறு மாலையில் காந்தி திடல் பக்கம் கால் வைக்க இடம் இருக்காது. அங்கே இறங்கித் தள்ளிக்கொண்டு போவதுதான் முறை. டூட்டியில் இருக்கும் சிவப்பு தொப்பி போலீஸ்காரர் இறங்கச் சொன்னால் வாக்குவாதம் செய்ய வேண்டியதில்லை.

இடித்துவிட்டால்?

பலருக்குத் தெரியாத விஷயம் இது. பைக் இடித்தால் இன்சூரன்ஸ் இருக்கிறது, மோட்டார் வாகன விபத்து தீர்ப்பாயத்தில் நஷ்டஈடு கேட்கலாம். சைக்கிள் மோட்டார் வாகனம் கிடையாது. அதற்கு இன்சூரன்ஸ் கட்டாயம் இல்லை, அந்தத் தீர்ப்பாயத்துக்கும் போக முடியாது. நஷ்டஈடு வேண்டுமானால் சிவில் கோர்ட்டுக்குத்தான் அலைய வேண்டும். 70 வயது பாட்டி கீழே விழுந்து இடுப்பு எலும்பு உடைந்தால் ஆபரேஷன், மாதக்கணக்கில் படுக்கை, பார்த்துக்கொள்ள வீட்டில் ஒரு ஆள் லீவு. கூலி வேலை செய்யும் குடும்பத்தில் அந்த ஒரு ஆள் சம்பளம் நின்றால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை.

சைக்கிள்தானே என்று தப்பிக்கவும் முடியாது. 2024 ஜூலை 1 முதல் அமலில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதா சட்டத்தின் 281-வது பிரிவு, பொதுவழியில் உயிருக்கு ஆபத்து வரும்படி எந்த வண்டியை ஓட்டினாலும் 6 மாதம் வரை சிறை அல்லது 1,000 ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும் என்கிறது. 'எந்த வண்டி' என்பதில் சைக்கிளும் அடங்கும்.

யாராவது விழுந்து எழ முடியாமல் கிடந்தால் கையைப் பிடித்துத் தூக்கி உட்கார வைப்பதுதான் நம்மவர்கள் வழக்கம். இடுப்பு, கால் வலி என்று சொன்னால் அசைக்காமல் 108-க்கு போன் செய்வது நல்லது. அரசு பொது மருத்துவமனை பாரதி பூங்கா பக்கத்திலேயே இருக்கிறது. பீச்சில் இருந்து சில தெரு தூரம்தான்.

பேட்டரி சைக்கிள் எந்தக் கணக்கு?

மோட்டார் 250 வாட்டுக்குக் கீழே, வேகம் 25 கி.மீட்டருக்குக் கீழே இருந்தால் அந்த பேட்டரி வண்டிக்கு ரெஜிஸ்ட்ரேஷன், லைசென்ஸ் வேண்டாம் என்கிறது மத்திய மோட்டார் வாகன விதி. லைசென்ஸ் வேண்டாம் என்பதற்காக நடப்பவர்கள் நடுவில் 24 கி.மீ. வேகத்தில் போகலாம் என்று அர்த்தம் இல்லை. மிதிக்கும் சைக்கிளை விட இது கனம். இடித்தால் அடியும் பலம்.

சிங்கப்பூரில் நடந்தது

நம்ம ஊர்க்காரர்கள் நிறைய பேர் வேலை பார்க்கும் சிங்கப்பூரில் இதற்குத் தனிச் சட்டமே இருக்கிறது. 2018-ல் அமலுக்கு வந்தது. நடைபாதையில் சைக்கிளுக்கு அதிகபட்ச வேகம் 10 கி.மீ., நடப்பவரும் சைக்கிளும் சேர்ந்து போகும் பாதையில் 25 கி.மீ. மின்சார ஸ்கூட்டர்களால் விபத்து அதிகமானதும் 2019 நவம்பரில் அவற்றை நடைபாதையில் இருந்தே விரட்டினார்கள். 2025 ஜூலை முதல், நடப்பவர்களுக்கு மட்டும் என்று குறித்த பாதையில் சைக்கிளுக்கும் தடை. இங்கிலாந்தில் 2022-ல் திருத்திய சாலை விதியிலும், நடப்பவரைப் பின்னால் இருந்து நெருக்கமாகவோ வேகமாகவோ கடக்காதே, வருவதைத் தெரியப்படுத்து என்றுதான் எழுதி வைத்திருக்கிறார்கள்.

நம் நாட்டிலும் தடையில்லாத நடைபாதை என்பது வாழும் உரிமையில் சேர்ந்தது என்று சுப்ரீம் கோர்ட்டு 2025 மே மாதம் சொன்னது. அந்த உத்தரவு வந்த வழக்கு கோவை எலும்பு மருத்துவர் ராஜசேகரன் 2012-ல் போட்டது. எலும்பு முறிந்து வருபவர்களைப் பார்த்துப் பார்த்து ஒரு டாக்டர் கோர்ட்டுக்குப் போனார் என்பது கவனிக்க வேண்டியது.

சைக்கிள்காரர் எங்கே போவார்?

புதுச்சேரி சைக்கிள் ஊர். ரோடியர் மில் என்று சொல்லப்பட்ட ஏ.எப்.டி. ஓடிய காலத்தில் ஷிப்ட் விட்டால் முதலியார்பேட்டையில் சைக்கிள் வெள்ளம்தான். அந்த மில்லும் 2020-ல் மூடப்பட்டது. இப்போதும் கட்டிட வேலைக்கும், குபேர் அங்காடிக்கும், பேப்பர் போடவும் சைக்கிளில் போகிறவர்கள் இருக்கிறார்கள். நேரு வீதியிலும் காந்தி வீதியிலும் பஸ், கார், நிறுத்தி வைத்த பைக் எல்லாம் போக மிச்சம் உள்ள ஒரு முழ இடத்தில்தான் அவர்கள் ஓட்ட வேண்டும். பக்கத்து ஆரோவில்லில் மரங்களுக்கு நடுவே மோட்டார் வண்டி போகாத சைக்கிள் பாதைகள் இருக்கின்றன. டவுனில் கோடு போட்டுப் பிரித்த தனிப் பாதை இருந்தால் பீச் ரோட்டில் இத்தனை உரசல் வராது. பீச் ரோட்டிலேயே கூட, ரோட்டின் மேற்கு ஓரம் சைக்கிளுக்கு என்று ஒரு வெள்ளைக் கோடு இழுக்கப் பெரிய செலவு ஆகாது.

அதுவரை சைக்கிள் ஓட்ட வசதியான நேரம் விடியற்காலை 5 மணிக்கு முன்னே பின்னே. அப்போது கூட்டம் குறைவு. ஆனால் இருட்டு. முன்னால் வெள்ளை லைட்டும் பின்னால் சிவப்பு ரிப்ளெக்டரும் கட்டாயம் வேண்டும். லைட் இல்லாமல் ஓட்டி, டபுள்ஸ் போய் போலீசில் மாட்டிய கதையை வீட்டுப் பெரியவர்களைக் கேட்டால் சொல்வார்கள். நடப்பவர்களும் கறுப்பு சட்டையைத் தவிர்த்து வெளிர் நிறத்தில் போட்டு வந்தால் தூரத்திலேயே தெரியும். காலை 7.30-க்குத் தடுப்பை எடுத்ததும் பைக்குகள் உள்ளே வந்துவிடும். சைக்கிள் பழகும் பிள்ளைகளை அதற்குப் பத்து நிமிடம் முன்பே வீட்டுக்குத் திருப்பிவிட வேண்டும்.