குடுமி யார் கையில்?

   

சென்ற ஆண்டுப் பரிசளிப்பு விழாவில் நடந்த ஒரு சிறு நிகழ்ச்சியோடு தொடங்குகிறேன். நம் பள்ளியில் படித்து, மேற்படிப்புக்கு வெளியூர் சென்ற இளைஞர் ஒருவர் வந்திருந்தார். வேட்டி, சட்டை, நெற்றியில் திருநீறு. அதெல்லாம் சரிதான். ஆனால் தலையிலே குடுமி! பக்கவாட்டு முடியை ஒட்ட வெட்டி, உச்சி முடியை அள்ளி முடிந்திருந்தார். மண்டபத்தில் ஒரே சலசலப்பு.

என் பக்கத்தில் அமர்ந்திருந்த ஒரு தகப்பனார், "என்னங்க சார் இது? படிச்ச பிள்ளை குடுமி வச்சிக்கிட்டு வருது! நாளைக்கு நம்ம பையனும் கேப்பானே!" என்று பொருமினார். பின் வரிசையில் இருந்த ஒரு பாட்டி சிரித்துவிட்டார். "எங்கப்பாரு இப்படித்தான் இருப்பாரு, தம்பி. விடியக்காலம் மரம் வெட்டப் போறப்ப அள்ளி முடிஞ்சி, மேல துண்டைக் கட்டிக்கிட்டுக் கிளம்புவாரு" என்றார்.

அந்த இளைஞரையே கேட்டேன். "டிவியில ஒரு பந்து விளையாட்டுக்காரர் வச்சிருந்தாரு சார். நமக்கு நல்லா இருக்குமான்னு வச்சுப் பார்த்தேன்" என்றார்.

தகப்பனாருக்கு வெட்கம், பாட்டிக்கு அப்பாவின் நினைவு, இளைஞருக்குப் புது மோஸ்தர். ஒரே குடுமிக்கு இத்தனை பொருளா? ஆம்! தலைமுடிக்கும் ஒரு சரித்திரம் உண்டு. அதைக் கொஞ்சம் புரட்டிப் பார்ப்போமா?

பழந்தமிழர் தலையிலே

சங்க காலப் பாண்டிய மன்னன் ஒருவனுக்குப் பல்யாகசாலை முதுகுடுமிப் பெருவழுதி என்று பெயர். பெயரிலேயே குடுமி! குடுமி என்றால் மலை உச்சி என்றும் பொருள் உண்டு. 'கட்டில்' என்ற நம் சொல்லே மலாய் மொழியில் 'காத்தில்' ஆனது என்பர். அப்படிப் பார்த்தால் நம் புக்கிட் காத்தில் 'கட்டில் குன்று'. குன்றுக்கும் ஒரு குடுமி உண்டல்லவா?

பெண்களின் கூந்தலுக்கு அக்காலப் புலவர்கள் 'ஐம்பால்' என்று பெயரிட்டனர். குழல், கொண்டை, பனிச்சை என்று ஐந்து வகையாக முடித்ததால் வந்த பெயர் அது. ஆகவே, விதவிதமாக முடி அலங்காரம் செய்வது இன்று நேற்று வந்த கெட்ட பழக்கம் என்று யாரும் எண்ண வேண்டாம்.

பிற்காலத்தில் தமிழ்நாட்டு ஆண்களில் பெரும்பாலோர் முன் தலையை மழித்து, பின் முடியை வளர்த்து முடிந்துகொண்டனர். பிராமணர் மட்டுந்தான் குடுமி வைத்தனர் என்பது தவறு. ஏர் பிடித்த குடியானவரும், செக்காட்டியவரும், கூலிக்குப் போனவரும் வைத்திருந்தனர். முன்குடுமி, பின்குடுமி என்று சாதிக்குச் சாதி, ஊருக்கு ஊர் வேறுபாடு இருந்தது. அதனால் ஒருவருடைய தலையைப் பார்த்தே அவரது சாதியை ஊகிக்க முடிந்தது. அங்கேதான் சிக்கலும் இருந்தது!

தலைமீது வந்த ஆணைகள்

1606-இல் மதுரைக்கு வந்த இத்தாலியப் பாதிரியார் ராபர்ட் தெ நொபிலி, கிறிஸ்தவராக மாறியவர்கள் குடுமியை எடுக்க வேண்டியதில்லை என்றார். மற்றப் பாதிரியார்கள் எதிர்த்தனர். வழக்கு ரோமாபுரி வரை போயிற்று. 1623-இல் போப்பாண்டவர் பதினைந்தாம் கிரகோரி, குடுமி இருக்கலாம் என்று தீர்ப்புச் சொன்னார். அதே வழக்கு 19-ஆம் நூற்றாண்டில் மீண்டும் கிளம்பியது. திராவிட மொழிகளுக்கு ஒப்பிலக்கணம் தந்த கால்டுவெல், குடுமியைப் பற்றியே 1867-இல் ஒரு தனி நூல் எழுதினார். அது நாட்டு வழக்கமே தவிர மதச் சின்னம் அன்று என்பது அவர் வாதம்.

வேலூரில் நடந்ததோ இரத்தக் களரி. 1805 நவம்பரில் சென்னைப் படையின் தலைமைத் தளபதி சர் ஜான் கிராடக் சிப்பாய்களுக்குப் புதுச் சட்டம் போட்டார். தாடியை மழிக்க வேண்டும். மீசையை அளவாகக் கத்தரிக்க வேண்டும். நெற்றியில் சின்னம் கூடாது. தோல் வைத்த புதுத் தொப்பியை அணிய வேண்டும். உள்ளுக்குள் குமுறிய சிப்பாய்கள் 1806 ஜூலை 10-ஆம் நாள் விடியுமுன் வேலூர்க் கோட்டையில் கிளர்ந்தெழுந்தனர். பல நூறு உயிர்கள் போயின. அதற்குப் பிறகே அந்த ஆணைகள் திரும்பப் பெறப்பட்டன.

சீனர்களின் கதையும் இதுதான். 1645-இல் மஞ்சு அரசு, சீன ஆண்கள் எல்லாரும் முன் தலையை மழித்துப் பின்னல் விட வேண்டும் என்று கட்டளையிட்டது. மலாக்காவுக்கும் சிங்கப்பூருக்கும் வந்த சீனர்கள் அந்தப் பின்னலோடுதான் வந்தார்கள். 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் சிங்கப்பூரில் டாக்டர் லிம் பூன் கெங் போன்றோர் பின்னலை வெட்டும் இயக்கம் நடத்தினர். 1911-இல் சீனப் புரட்சி வெடித்ததும் பின்னல்கள் பெருவாரியாக அறுந்து விழுந்தன.

கடல் கடந்து வந்த குடுமி

இப்போது நம் ஊருக்கு வருவோம். நமக்கு அருகிலுள்ள புக்கிட் லிந்தாங்கில்தான் 1896-இல் டான் சாய் யான் என்னும் மலாக்காச் சீனர் ரப்பர் பயிரிட்டார். மலாயாவில் வணிகத்துக்காகப் போடப்பட்ட முதல் ரப்பர் தோட்டம் அது. அதன் பிறகு மலாயாவெங்கும் கித்தா மரம் பரவியது. நம் முன்னோர் கப்பல் ஏறினர்.

ஒப்பந்தக் கூலி முறை 1910-இல் நிறுத்தப்பட்டது. அதன்பின் கங்காணி முறையே ஆட்சி செய்தது. 1938-இல் இந்திய அரசு தடை போடும்வரை கங்காணிகள் ஊர் ஊராகப் போய் ஆள் கட்டி வந்தனர். கோட்டும் தலைப்பாகையுமாகக் கங்காணி வருவார்; முன்பணம் கொடுப்பார். வாங்கியவர் அந்தக் கடனோடு லயத்தில் வந்து இறங்குவார். பெரட்டில் பேர் கூப்பிடுவதும் அவர். கடன் கணக்கு வைத்திருப்பதும் அவர். "நம்ம குடுமி கங்காணி கையில" என்று சொன்னால், அது வெறும் பழமொழியா? வாழ்க்கையே அப்படித்தானே இருந்தது!

அந்தக் குடுமி மரக்காட்டில் பட்ட பாடும் கொஞ்சமல்ல. ரப்பர் பால் முடியில் பட்டுக் காய்ந்துவிட்டால் சீப்பு இறங்காது. கத்தரித்துத்தான் எடுக்க வேண்டும். அதனால்தான் ஆண்கள் துண்டைக் கட்டினர்; பெண்கள் கொண்டையை இறுக்கி முடிந்து, மேலே துணி சுற்றினர்.

நமக்கு முன்பே, சுல்தான்கள் காலத்திலேயே இங்கு வந்த தமிழ் வணிகர்களின் வழித்தோன்றல்கள் மலாக்கா செட்டிகள். காஜா பேராங்கில் இன்றும் வாழ்கிறார்கள். 1781-இல் எழுந்த பொய்யாத விநாயகர் ஆலயம் அவர்களுடையது. பேசுவது மலாய், வணங்குவது நம் தெய்வங்களை. திருவிழா நாளில் அவர்களுடைய பெண்கள் கெபாயா உடுத்தி, கூந்தலைக் கொண்டையாக முடிந்து, கொண்டை ஊசிகள் செருகி வருவதைப் பாருங்கள். ஆண்கள் கட்டும் தலைப்பாகைக்கு இன்னமும் 'தலாப்பா' என்றே பெயர். மொழி மாறிய பிறகும் தலை மாறவில்லை!

கத்தரிக்கோல் வந்த கதை

குடுமி போய்க் கிராப்பு வந்தது எப்படி? சிலர் விரும்பி வெட்டினர். மகாகவி பாரதியார் காசியில் படித்த நாளில் குடுமியை எடுத்துக் கிராப்பு வைத்தார், மீசையும் வளர்த்தார். வீட்டுப் பெரியவர் கோபித்துக்கொண்டார். சிலர் மனம் நொந்து வெட்டினர். கணித மேதை இராமானுஜன் 1914 மார்ச் 17-ஆம் நாள் சென்னையிலிருந்து இங்கிலாந்துக்குக் கப்பலேறுமுன், அவருடைய குடுமி கத்தரிக்கப்பட்டது. அவர் மிகவும் வருந்தினாராம். ஒருவருக்கு விடுதலையாக இருந்த கத்தரிக்கோல் இன்னொருவருக்கு வேதனையானது. காரணம் என்ன? ஒருவர் தாமே முடிவு செய்தார்; மற்றவருக்காகச் சூழ்நிலை முடிவு செய்தது.

1929 டிசம்பரில் தந்தை பெரியார் பினாங்கில் வந்து இறங்கினார். சாதிப் பட்டத்தை விடு, சாதிக் குறியை விடு என்ற சுயமரியாதைக் கருத்துகள் தோட்டங்கள் வரை வந்தன. கோ. சாரங்கபாணி சிங்கப்பூரில் 1935-இல் தொடங்கிய தமிழ் முரசு அவற்றைப் பரப்பியது. சாதியைக் காட்டிக் கொடுக்கும் குடுமி எதற்கு என்று இளைஞர் பலர் கேட்டனர்.

இதிலே இன்னொன்றையும் நாம் மறக்கக் கூடாது. தமிழ்நாட்டுக் கிராமங்கள் பலவற்றில் ஒடுக்கப்பட்ட மக்களுக்கு முடி வெட்டவே மறுத்தார்கள். பட்டணத்து முடிதிருத்தும் கடையிலோ, காசு கொடுத்தால் யாரும் அந்த நாற்காலியில் உட்காரலாம். இன்னார் மகன் என்று கேட்காமல், "எப்படி வெட்டட்டும், அண்ணே?" என்று கேட்டதே பலருக்கு முதல் மரியாதை! அந்த மரியாதையைக் கொடுத்த தொழிலாளியை இன்றும் சாதிப் பெயர் சொல்லி ஏசுகிறோமே, அது நியாயமா?

கூந்தலை வெட்டிய வீராங்கனைகள்

பெண்களுக்கு வருவோம். 1943-இல் நேதாஜி சுபாஷ் சந்திர போஸ், இந்திய தேசிய இராணுவத்தில் பெண்களுக்கென்று ஜான்சி ராணிப் படையை அமைத்தார். அக்டோபர் 22-ஆம் நாள் சிங்கப்பூரில் பயிற்சி முகாம் தொடங்கியது. தலைவி டாக்டர் லட்சுமி. சேர்ந்தவர்களில் நிறையப் பேர் மலாயாத் தோட்டத்துத் தமிழ்ப் பெண்கள். காற்சட்டை போட்டார்கள், துப்பாக்கி ஏந்தினார்கள், பலர் தங்கள் நீண்ட கூந்தலைக் குட்டையாக வெட்டிக்கொண்டார்கள். கூந்தலே பெண்ணுக்கு அழகு என்று கேட்டுக் கேட்டு வளர்ந்தவர்கள்! அந்த முடியைக் கங்காணியும் கேட்கவில்லை, துரையும் கேட்கவில்லை. தாமாகக் கொடுத்தார்கள்.

அதன் பிறகு காலம் மாறிற்று. 1970-களில் ஆண்கள் முடி வளர்த்ததும் பெரியவர்கள் பதறினர். சிங்கப்பூர் அரசு நீண்ட முடிக்கு எதிராக ஓர் இயக்கமே நடத்தியது. முடி வளர்த்த ஆண்களை அலுவலகங்களில் கடைசியாகத்தான் கவனித்தார்கள். பாருங்கள் வேடிக்கையை! முன்பு முடியை வெட்டியவனைத் திட்டினோம். பிறகு வளர்த்தவனைத் திட்டினோம்.

பெட்டியில் இருக்கும் படம்

பெற்றோர்களே, உங்கள் வீட்டுத் தகரப் பெட்டியைத் திறந்து பாருங்கள். 1948-இல் அவசரகாலத்தின்போது மலாயாவில் படம் ஒட்டிய அடையாளக் கார்டு கொடுக்கத் தொடங்கினார்கள். தோட்டப் பாட்டாளிகள் பலருக்கு வாழ்நாளில் எடுத்த முதல் படம் அதுவாகத்தான் இருந்திருக்கும். உங்கள் தாத்தாவின் தலையில் இருப்பது குடுமியா, கிராப்பா? பாட்டியின் கொண்டை எந்தப் பக்கம்? தோட்டங்கள் வீடமைப்புப் பகுதிகளாகிவிட்டன, லயங்களை இடித்தாயிற்று. அந்தப் படமும் செல்லரித்துப் போனால், நம் முன்னோரின் முகத்தை யாரிடம் போய்க் கேட்பது? இன்றே அதன் பின்புறம் பெயரையும் ஊரையும் எழுதி வையுங்கள். பிள்ளைகளிடம் காட்டிக் கதை சொல்லுங்கள்.

மாணவச் செல்வங்களே, பள்ளியில் படிக்கும்வரை பள்ளி விதிப்படி முடியைக் கட்டையாக வெட்டி வாருங்கள். அது ஒழுங்கு. படித்து முடித்து, சொந்தக் காலில் நின்றபின் குடுமியும் வைக்கலாம், மொட்டையும் அடிக்கலாம். அது உங்கள் தலை. ஆனால் வைப்பது என்ன, அதை உங்கள் பூட்டன் ஏன் வைத்தார், ஏன் எடுத்தார் என்று தெரிந்துகொண்டு வையுங்கள். பழசு என்று வெட்கப்படவும் வேண்டாம். சாதிப் பெருமைக்காக அதைத் திரும்பக் கொண்டு வரவும் வேண்டாம்.

அந்தத் தகப்பனாருக்கு நான் அன்று சொல்லாமல் விட்டதை இன்று சொல்கிறேன்: "ஐயா, அந்தப் பையனின் குடுமி கங்காணி கையில் இல்லை. அவன் கையிலேயே இருக்கிறது. நாம் பாடுபட்டுப் பிள்ளைகளைப் படிக்க வைத்தது அதற்குத்தானே?"

வாழ்க தமிழ்! வளர்க நம் பள்ளி!