ரெட்ரோவைரசு உட்செருகல்

ரெட்ரோவைரசு உட்செருகல் என்பது, ரெட்ரோவைரசு வகையைச் சேர்ந்த நச்சுயிரிகள் தமது மரபுப்பொருளை ஓம்புயிரின் உயிரணுவிலுள்ள டி.என்.ஏ.வுடன் நிலையாக இணைக்கும் செயல்முறை ஆகும். இவ்வாறு இணைந்த நச்சுயிரி டி.என்.ஏ., புரோவைரசு எனப்படுகிறது. எயிட்சு நோய்க்குக் காரணமான எச்.ஐ.வி., எலிகளில் இரத்தப் புற்றுநோயை உண்டாக்கும் மூரைன் லுக்கீமியா வைரசு, கோழிகளில் கட்டிகளை உண்டாக்கும் ரவுசு சார்க்கோமா வைரசு ஆகியன இவ்வகையைச் சேர்ந்தவை. உட்செருகல் நிகழ்ந்த பின், உயிரணு பிரியும்போதெல்லாம் நச்சுயிரியின் மரபணுக்களும் அதனுடன் இரட்டித்து மகளுயிரணுக்களுக்குச் செல்கின்றன. பாக்டீரியாக்களைத் தாக்கும் சில நச்சுயிரிகள் இணைந்த இடத்திலிருந்து தம்மைத் தாமே வெட்டிக்கொண்டு வெளியேற வல்லவை. ரெட்ரோவைரசுகளிடம் அத்தகைய பொறிமுறை கிடையாது.

வரலாறு

1911 ஆம் ஆண்டில் அமெரிக்க அறிவியலாளர் பெய்ட்டன் ரவுசு, கோழியின் கட்டியை அரைத்து, உயிரணுக்கள் தங்கிவிடும்படி வடிகட்டிய நீர்மத்தைச் செலுத்தி வேறு கோழிகளில் கட்டியை உண்டாக்கினார். இக்கட்டிக்குக் காரணமான நச்சுயிரியின் மரபுப்பொருள் ஆர்.என்.ஏ. என்பது பின்னர் தெரியவந்தது. ஆயினும், டி.என்.ஏ.விலிருந்து ஆர்.என்.ஏ. உருவாவதைத் தடுக்கும் ஆக்டினோமைசின் டி என்னும் மருந்து இந்த நச்சுயிரியின் பெருக்கத்தையும் தடுப்பதை ஓவர்டு டெமின் கண்டார். ஆகவே நச்சுயிரி இடையில் ஒரு டி.என்.ஏ. வடிவத்தை எடுக்கவேண்டும் என 1964 இல் அவர் முன்வைத்த கருத்தைப் பெரும்பாலானோர் ஏற்கவில்லை. மரபுத் தகவல் டி.என்.ஏ.விலிருந்து ஆர்.என்.ஏ.வுக்கு மட்டுமே செல்லும் என்பது அக்காலத்தில் வேரூன்றியிருந்த எண்ணம். பிரான்சிசு கிரிக் 1958 இல் வெளியிட்ட மூலக்கருத்து எதிர்த்திசையை விலக்கவில்லை என்பது இங்கு குறிப்பிடத்தக்கது. பாடநூல்களின் சுருக்கமே அதனை விலக்கியது.

1970 இல் டெமினும் மிசுட்டானியும் ஓரிடத்திலும், டேவிட் பால்ட்டிமோர் தனியாக வேறிடத்திலும், ஆர்.என்.ஏ.வைப் பார்த்து டி.என்.ஏ.வை உருவாக்கும் நொதியைக் கண்டறிந்தனர். இது தலைகீழ்ப் படியெடுப்பு நொதி எனப்படுகிறது. டெமின், பால்ட்டிமோர் இருவரும் ரெனாட்டோ டுல்பெக்கோவுடன் 1975 இல் மருத்துவ நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டனர்.

செயல்முறை

நச்சுயிரித் துகள் ஒவ்வொன்றிலும் ஒரே ஆர்.என்.ஏ.வின் இரு படிகள் உள்ளன. உயிரணுவினுள் நுழைந்தபின், தலைகீழ்ப் படியெடுப்பு நொதி இதிலிருந்து ஈரிழை டி.என்.ஏ.வை உருவாக்குகிறது. பிழைதிருத்தும் திறன் இந்நொதிக்கு இல்லாமையால் திடீர்மாற்றங்கள் மிகுதி, எச்.ஐ.வி. மருந்துகளுக்கு எதிர்ப்புத்திறன் பெறுவதற்கு இது ஒரு முக்கிய காரணம். உருவாகும் டி.என்.ஏ. மூல ஆர்.என்.ஏ.வை விடச் சற்று நீளமானது. படியெடுப்பின்போது முனைப்பகுதிகள் இரட்டிக்கப்படுவதால், இரு முனைகளிலும் ஒரே வரிசை அமைகிறது. இதற்கு நீள்முனைத் தொடர் என்று பெயர். நச்சுயிரியின் மரபணுக்களை இயக்கும் தொடக்கக் கட்டளை இத்தொடரிலேயே உள்ளது.

அடுத்த பணி இன்ட்டகிரேசு என்னும் நொதியினுடையது. இதன் பல மூலக்கூறுகள் ஒன்றுகூடி நச்சுயிரி டி.என்.ஏ.வின் இரு முனைகளையும் அருகருகே பற்றிக்கொள்கின்றன. முதற்படியில், ஒவ்வோர் இழையின் 3' முனையிலிருந்தும் இரண்டு நியூக்கிளியோட்டைடுகள் வெட்டி நீக்கப்படுகின்றன. இரண்டாம் படி உயிரணுவின் உட்கருவில் நிகழ்கிறது. வெட்டப்பட்ட முனைகளில் வெளிப்பட்ட ஐதராக்சில் தொகுதிகள் ஓம்புயிரின் டி.என்.ஏ. இழைகளைத் தாக்கி, அவற்றை அறுத்து, அறுந்த முனையுடனேயே பிணைகின்றன. அறுப்பதும் இணைப்பதும் ஒரே வேதிவினை என்பதால் ஏ.டி.பி. போன்ற ஆற்றல் மூலக்கூறு இவ்வினைக்குத் தேவைப்படுவதில்லை.

இரண்டு இழைகளும் நேரெதிரே அறுபடுவதில்லை. எச்.ஐ.வி.யில் 5, மூரைன் லுக்கீமியா வைரசில் 4, ரவுசு சார்க்கோமா வைரசில் 6 நியூக்கிளியோட்டைடு இடைவெளி விட்டு அறுபடுகின்றன. இதனால் இருபுறமும் ஏற்படும் ஒற்றையிழை இடைவெளிகளை ஓம்புயிரின் பழுதுநீக்கும் நொதிகளே நிரப்பிவிடுகின்றன. அதாவது, நச்சுயிரி தொடங்கிய வேலையை உயிரணுவே முடித்துவைக்கிறது. முடிவில் புரோவைரசின் இருபுறமும் ஓம்புயிரின் அதே சிறு வரிசை இருமுறை காணப்படும்.

உட்கருவினுள் நுழையும் வழி நச்சுயிரிக்கு நச்சுயிரி வேறுபடும். மூரைன் லுக்கீமியா வைரசு உயிரணு பிரியும்போது உட்கருச் சவ்வு மறையும் வரை காத்திருக்கவேண்டும். எச்.ஐ.வி. உட்கருத் துளைகளின் வழியே செல்லக்கூடியது. ஆகவே பிரியாத உயிரணுக்களையும் அது தொற்றுகிறது.

உட்செருகும் இடம்

உட்செருகல் குறிப்பிட்ட ஒரே இடத்தில் நிகழ்வதன்று. முற்றிலும் தற்செயலானதும் அன்று. எச்.ஐ.வி. செயல்பட்டுக்கொண்டிருக்கும் மரபணுக்களின் உட்பகுதியை நாடுவது 2002 இல் தெரியவந்தது. எல்.ஈ.டி.ஜி.எப். என்னும் மனிதப் புரதம் இன்ட்டகிரேசைப் பற்றி அவ்விடங்களுக்கு இட்டுச்செல்கிறது. மூரைன் லுக்கீமியா வைரசோ மரபணுக்களின் தொடக்கப் பகுதிக்கு அருகில் இணைய முற்படுவது 2003 இல் அறியப்பட்டது.

இவ்வேறுபாட்டின் விலை மருத்துவத்தில் தெரிந்தது. பிறவியிலேயே நோயெதிர்ப்பாற்றல் அற்ற குழந்தைகளுக்கு, மூரைன் லுக்கீமியா வைரசின் வழியே குறைபாடற்ற மரபணுவைச் செலுத்தும் சிகிச்சையின் வெற்றியைப் பாரிசு மருத்துவர்கள் 2000 இல் அறிவித்தனர். சில ஆண்டுகளுக்குள், பாரிசிலும் இலண்டனிலும் இச்சிகிச்சை பெற்ற 20 குழந்தைகளில் ஐவருக்கு இரத்தப் புற்றுநோய் ஏற்பட்டது, ஒருவர் இறந்தார். பெரும்பாலானவர்களில் நச்சுயிரி, எல்.எம்.ஓ.2 என்னும் மரபணுவுக்கு அருகில் இணைந்து அதனை ஓயாது இயங்கச் செய்திருந்தது. அதேவேளை, அக்குழந்தைகளுக்கு நோயெதிர்ப்பாற்றலைத் தந்ததும் அதே உட்செருகலே. பின்னர் நீள்முனைத் தொடரின் தூண்டும் பகுதி நீக்கப்பட்ட கடத்திகள் உருவாக்கப்பட்டன. இவற்றால் இடர் குறைந்ததேயன்றி முற்றாக நீங்கவில்லை. மூளையைத் தாக்கும் ஒரு மரபுநோய்க்காக 2022 இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்ற இவ்வகைச் சிகிச்சையிலும் சில சிறுவர்களுக்கு இரத்தப் புற்றுநோய் ஏற்பட்டுள்ளது.

எச்.ஐ.வி.யும் உறங்குநிலையும்

எச்.ஐ.வி. இணைந்த உயிரணுக்களுள் சில, நீண்டகாலம் வாழும் நினைவு டி-உயிரணுக்கள் ஆகும். அவற்றில் புரோவைரசு புரதம் எதையும் உருவாக்காமல் ஆண்டுக்கணக்கில் உறங்கக்கூடும். அந்நிலையில் நோயெதிர்ப்பு மண்டலத்தின் கண்ணிலும் மருந்தின் பிடியிலும் அது அகப்படுவதில்லை. ஆகவே கூட்டு மருந்துச் சிகிச்சை இரத்தத்தில் நச்சுயிரியைக் கண்டறிய இயலாத அளவுக்குக் குறைத்தாலும், மருந்தை நிறுத்தினால் பெரும்பாலோரில் சில வாரங்களில் அது மீண்டெழுகிறது. 2007 இல் ஒப்புதல் பெற்ற ரால்டெகிராவிர், 2013 இல் வந்த டொலுடெகிராவிர் ஆகிய மருந்துகள் இன்ட்டகிரேசைத் தடுப்பவை. புதிய உட்செருகலை இவை தடுக்கின்றன; ஏற்கெனவே இணைந்ததை அகற்றுவதில்லை.

மரபுவழி வரும் ரெட்ரோவைரசுகள்

உட்செருகல் கருமுட்டையிலோ விந்தணுவிலோ நிகழ்ந்தால் புரோவைரசு வழித்தோன்றல்களுக்கும் செல்லும். மனித மரபணுத்தொகுதியில் ஏறத்தாழ 8 விழுக்காடு இவ்வாறு பழங்காலத்தில் வந்துசேர்ந்த ரெட்ரோவைரசுகளின் எச்சமே. இவற்றுட் பெரும்பாலானவை சிதைந்து செயலிழந்தவை. விதிவிலக்காக, நஞ்சுக்கொடி உருவாகும்போது உயிரணுக்களை ஒன்றிணைக்கும் சின்சிட்டின் என்னும் புரதம், ஒரு பழைய நச்சுயிரியின் உறைப் புரதத்திலிருந்து வந்ததாகும். ஆத்திரேலியாவின் கோலாக்களில் இந்நிகழ்வை இன்றும் காணலாம். அங்கு ஒரு ரெட்ரோவைரசு சில கோலாக்களிடையே தொற்றாகப் பரவிக்கொண்டும், வேறு சிலவற்றில் பெற்றோரிடமிருந்து குட்டிக்கு மரபுவழி சென்றுகொண்டும் இருக்கிறது.