உத்திரமேரூர்ச் சுவரில் ஒரு கணக்குப் பாடம்



பேத்தி பதினோராம் வகுப்பில் வணிகவியல் பிரிவு. காலாண்டுத் தேர்வின் கணக்குப்பதிவியல் விடைத்தாளைக் கொண்டுவந்து காட்டினாள். இறுதித் தொகை சரி. அது எப்படி வந்தது என்ற கணக்கீடு இல்லை. குறிப்பேட்டுப் பதிவின் கீழே அடைப்புக்குறிக்குள் எழுத வேண்டிய விளக்கமும் இல்லை. மதிப்பெண் போயிற்று. "எவ்வளவுதான் எழுதணும் தாத்தா? எல்லாத்தையும் எழுதினா நேரம் போதலையே" என்றாள். எனக்குத் தெரிந்தது வரலாறு. அதைத்தான் சொன்னேன்.

மாமல்லபுரத்திலிருந்து செங்கல்பட்டு வழியாகப் போனால் உத்திரமேரூர். இன்று காஞ்சிபுரம் மாவட்டம். நீங்கள் படித்தபோது எல்லாம் ஒரே செங்கல்பட்டு மாவட்டம். அங்கே வைகுண்டப் பெருமாள் கோயில் மண்டபச் சுவரில் முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள் இரண்டு. குடவோலை முறை என்று மனப்பாடம் செய்தீர்களே, அதுதான். முதலாவது கி.பி. 919. இரண்டே ஆண்டில், 921-ல், அதே சபை அதே விஷயத்தை இன்னும் விரிவாக மறுபடி எழுதியது. 30 முதல் 60 என்றிருந்த வயது வரம்பு 35 முதல் 70 ஆனது. முதலில் எழுதியது போதவில்லை என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

பாடப்புத்தகம் தேர்தலோடு நின்றுவிடும். கணக்கைப் பற்றி அதில் இருப்பதைப் பாருங்கள். வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவன் மீண்டும் நிற்க முடியாது. உறவினரும் முடியாது. உறவினர் என்று ஒரு சொல்லில் முடித்திருக்கலாம், முடிக்கவில்லை. சிற்றன்னை பேரன்னை மக்கள், அத்தை மக்கள், மாமன் மக்கள், மாமனார், மைத்துனன், மருமகன் என்று அடுக்குகிறார்கள். கணக்கு எழுதுபவன் தன் காலக் கணக்கைப் பெரியவர்களிடம் ஒப்படைத்து, நேர்மையானவன் என்று பெயர் வாங்கிய பிறகே மறுபடி அந்த வேலைக்கு வரலாம். அவன் எழுதிய கணக்கை அவனே காட்ட வேண்டும். முடித்துக்கொடுக்க வேறு ஆளை வைக்கக் கூடாது. குடத்திலிருந்து சிறுவன் எடுக்கும் ஓலையை ஐந்து விரலும் விரித்து உள்ளங்கையில் வாங்க வேண்டும் என்பது வரை இருக்கிறது. விரலிடுக்கில் வேறு ஓலை ஒளிந்திருக்கக் கூடாதல்லவா!

அதே சபை, ஏரி வாரியமும் தோட்ட வாரியமும் அன்றாடம் என்ன செய்ய வேண்டும் என்பதை அங்கே நீட்டவில்லை. அது ஊருக்கே தெரியும். "சண்டை வரக்கூடிய இடத்தில் மட்டும் விரித்து எழுதியிருக்கிறார்கள். உன் விடையைத் திருத்துபவருக்கு எந்தத் தொகையில் சந்தேகம் வருமோ, அங்கே எழுது" என்றேன்.

இதைச் சொல்ல எனக்குத் தகுதி உண்டா என்று 1992 சுற்றுலாவுக்கு வந்தவர்கள் கேட்கலாம். இதே உத்திரமேரூருக்குத்தான் கூட்டிப்போனேன். தலைக்கு 15 ரூபாய் வசூல். நோட்டில் "பஸ், சாப்பாடு, இதர செலவு" என்று ஒரே வரியாக மொத்தத் தொகையை எழுதிவைத்தேன். ஒரு மாணவனின் அப்பா வந்து, "இதர செலவுன்னா என்ன சார்?" என்று எல்லார் முன்னாலும் கேட்டார். ஒரு காசு நான் எடுக்கவில்லை. ஆனால் பதில் சொல்ல முடியவில்லை. வழியில் டயர் பஞ்சரானதற்குக் கொடுத்தது, இரண்டு பிள்ளைகளுக்கு வாந்தி நிற்க மாத்திரை வாங்கியது எல்லாம் இரவு படுத்த பிறகுதான் ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தது. மறுநாள் போய்ச் சொன்னேன். அவர் தலையாட்டினார், நம்பினாரா என்று இன்றுவரை தெரியாது.

எழுதிப் பார்த்தால் இன்னும் 22 ரூபாய் இடிக்கிறது. வேறு என்ன வாங்கினோம்? அந்தப் பஸ்ஸில் இருந்தவர்கள் யாருக்காவது நினைவிருந்தால் கீழே எழுதுங்கள்.